ஆத்துல கயாக் ஓட்டப் போறீங்களா? முதல்ல கவிழக் கத்துக்கோங்க

(காட்சி: ரிஷிகேஷுக்கு மேல, சிவ்புரி பக்கத்து மணல்திட்டு. காலை வெயில். பச்சைக் கண்ணாடி மாதிரி கங்கை.)

ஒண்ணு. ரெண்டு. மூணு. நாலு.

இப்ப எண்ணினது, நான் முதல்முறையா கயாக்குங்கற சின்னத் துடுப்புப் படகோட சேர்ந்து தலைகீழா கங்கைக்குள்ள தொங்கின நேரம். கரையில நின்னு வீடியோ எடுத்த நண்பன் சொல்லித்தான் அது நாலு செகண்டுன்னே தெரியும். உள்ள இருந்தவனுக்கு அது ஒரு முழு சனிப்பெயர்ச்சி.

எப்படியோ வெளிய வந்து மிதந்தேன். தூரத்துல கைடு என்னைப் பார்த்து, தன் தலையில கைய வெச்சுத் தட்டினார். "இவனைப் போய் கூட்டிட்டு வந்தோமே"ன்னு தலையில அடிச்சுக்கறார்னு நெனச்சேன். மரியாதைக்கு ஒரு கைய தூக்கி ஆட்டினேன். அடுத்த நொடி ஒரு கயிறு வந்து என் மூஞ்சியில விழுந்துச்சு.

விஷயம் என்னன்னா, தலையில தட்டினா "நல்லா இருக்கியா?"ன்னு கேள்வி. நாமளும் தலையில தட்டினா "நல்லா இருக்கேன்"னு பதில். கைய மேல தூக்கி ஆட்டினா "காப்பாத்துங்க"ன்னு அர்த்தம். கிளம்பறதுக்கு முன்னாடி கரையிலயே சொல்லித்தர வேண்டிய பாடம் இது. அன்னைக்கு எங்களைக் கூட்டிட்டுப் போன குழு அவசரத்துல அதை விட்டுட்டாங்க. நானும் கேக்கல. எப்ப படகுல ஏறுவோம்னு இருந்தேன்.

அதனால இந்த வீடியோவுல துடுப்பு போடறதைப் பத்திக் கொஞ்சமாத்தான் பேசப் போறேன். அதை கைடு அரை மணி நேரத்துல சொல்லிக் கொடுத்துடுவார். தண்ணிக்குள்ள விழுந்தா என்ன செய்யணும்ங்கறதை மட்டும் வீட்டுலயே மண்டையில ஏத்திட்டுப் போங்க.

(காட்சி: மூணு வகைப் படகுகள், பக்கத்துப் பக்கத்துல.)

முதல்ல படகு. ஒகேனக்கல்ல பரிசல்ல போயிருப்பீங்க. வட்டமா இருக்கறதால அது சுத்திச் சுத்தித்தான் போகும், ஆனா பாறையில முட்டினாலும் ஒரு பக்கமா வழுக்கிட்டுப் போயிடும். கயாக் நீளம், ஒடுக்கம். நேரா ஓடும். குறுக்கால திரும்பி நின்னுச்சுன்னா ஆறு ஒரே புரட்டுல கவிழ்த்துடும்.

புதுசா போறவங்களுக்கு மேல உக்கார்ற கயாக் இருக்கு. கவிழ்ந்தா தானா கீழ விழுந்துடுவீங்க, மாட்டிக்க எதுவும் இல்ல. காத்தடிச்ச ரப்பர் கயாக் ஒண்ணு இருக்கு, 'டக்கி'ன்னு சொல்வாங்க. அதுவும் நல்ல பொறுமைசாலி. மூணாவது, இடுப்பு வரைக்கும் உள்ள நுழைஞ்சு உக்கார்றது. தண்ணி உள்ள வராம இருக்க இடுப்பைச் சுத்தி ஸ்ப்ரே ஸ்கர்ட்னு ஒரு பாவாடை மாட்டுவாங்க. நான் தொங்கினது இதுலதான்.

இந்த மூணாவது வகைதான் வேணும்னா ஒரு விஷயம். பாவாடைக்கு முன்பக்கம் ஒரு கைப்பிடி வளையம் இருக்கும். அது வெளிய தெரியுற மாதிரி இருக்கான்னு ஒவ்வொரு தடவையும் நீங்களே தொட்டுப் பாருங்க. அது உள்ள மடங்கிக் கிடந்தா, தலைகீழா இருக்கும்போது தேடி எடுக்க முடியாது. கவிழ்ந்ததும் உடம்பை முன்னால வளைச்சு, முகத்தைப் படகோட ஒட்டி வெச்சுக்கணும். பின்னால சாஞ்சா முகம்தான் முதல்ல பாறையைச் சந்திக்கும். வளையத்தைப் பிடிச்சு முன்னால தள்ளி இழுங்க. பாவாடை கழண்டுடும். ரெண்டு கையையும் இடுப்புக்குப் பக்கத்துல படகு விளிம்புல ஊனி, பேன்ட் கழட்டற மாதிரி படகைக் காலுல இருந்து கழட்டி விடுங்க. அவ்வளவுதான். இதை ஓட்டமில்லாத தண்ணியில, கைடு பக்கத்துல நிக்க, ரெண்டு மூணு தடவை செஞ்சு பார்க்காம ஆத்துக்குள்ள இறங்காதீங்க. கவிழ்ந்த படகை உள்ள இருந்தே புரட்டி நிமிர்த்தற வித்தை ஒண்ணு இருக்கு, ரோல்னு பேரு. முதல் பயணத்துக்கு அது தேவையே இல்ல.

(காட்சி: கிராமத்துக் கிணறு. மேட்டுல இருந்து ஒரு பையன் குதிக்கிறான்.)

"எனக்குத்தான் நீச்சல் தெரியுமே!" நம்ம ஊர்ல பாதிப்பேர் இப்படித்தான் ஆரம்பிப்பாங்க. கிணத்துல கத்துக்கிட்ட நீச்சல் நல்ல நீச்சல், பயம் போயிருக்கும். ஆனா கிணத்துத் தண்ணி உங்களை எங்கயும் கூட்டிட்டுப் போகாது. ஆத்துல ஆழத்தை விட ஓட்டம்தான் ஆளை அடிக்கும். ஒரு கன மீட்டர் தண்ணியோட எடை 1,000 கிலோ. ஓட்டத்தோட வேகம் ரெண்டு மடங்கானா, அது உங்களைத் தள்ளுற விசை நாலு மடங்காகும். முழங்கால் ஆழம்தானேன்னு நிக்கறவங்களை அதுதான் சாய்க்குது.

இப்ப இந்த வீடியோவுலயே முக்கியமான இடத்துக்கு வர்றோம்.

விழுந்தா நிக்காதீங்க.

தண்ணியில விழுந்த எல்லாருக்கும் முதல்ல வர்ற ஆசை, கால் ஊனி நிக்கறது. ஆத்தடியில உருண்டைக் கல்லும் பாறை இடுக்கும்தான். ஓட்டத்துல நிக்கப் பார்க்கும்போது பாதம் ஒரு இடுக்குல செருகிக்கும். பின்னாலேர்ந்து தண்ணி முதுகுல அழுத்தும். ஆள் முன்னால சாய்வான். கால் வெளிய வராது, தலை மேல வராது. இதெல்லாம் இடுப்பளவுத் தண்ணியிலயே நடக்கும். கயாக் கைடுங்க ரொம்பப் பயப்படற விபத்துகள்ல இது ஒண்ணு.

அப்ப என்ன செய்யணும்? மல்லாக்கப் படுங்க. கால் ரெண்டும் ஆறு போற திசையில, முன்னால. கால் விரல் தண்ணிக்கு மேல தெரியணும். பாறை வந்தா பாதத்தால உதைச்சு விலகுங்க. கையால பின்பக்கமா துழாவி, கொஞ்சம் கொஞ்சமா கரைப் பக்கம் போங்க. தண்ணி அடங்கி, உக்கார்ற அளவுக்கு மேடு வந்த பிறகுதான் எழுந்திருக்கணும். "பின்பக்கம் தரையில தட்டற வரைக்கும் எழுந்திருக்காதே"ன்னு என் ரெண்டாவது கைடு சொன்னார். அதைவிட நல்லா சொல்ல எனக்குத் தெரியல.

இதுக்கு ஒரு விதிவிலக்கு உண்டு. தண்ணியில சாய்ஞ்சு கிடக்கற மரம், கிளைக் குவியல். தண்ணி அதுக்குள்ள புகுந்து போயிடும், ஆள் போக முடியாது. டீ வடிகட்டியில தூள் தங்கற மாதிரி தங்கிடுவோம். மரம் தெரிஞ்சா மல்லாக்க மிதக்காதீங்க. குப்புறத் திரும்பி முழு மூச்சா விலகி நீந்துங்க. வழியே இல்லாம அதை நோக்கித்தான் போறீங்கன்னா, தலை முன்னால போற மாதிரி நீந்தி, மோதற நேரத்துல கையால அழுத்தி மரத்து மேல ஏறிடணும். கால் அதுக்கு அடியில போகவே கூடாது.

நம்ம ஊர் ஆளுங்களுக்காக இன்னொண்ணு. தடுப்பணை. ஞாயித்துக்கிழமை ஆனா குடும்பத்தோட குளிக்கப் போற அதே தடுப்பணைதான். மேலேர்ந்து தண்ணி விழற இடத்துக்குக் கீழ, மேல்மட்டத் தண்ணி திரும்ப அணையை நோக்கியே சுத்தும். அதுல மாட்டினவனை ஆறு உள்ள இழுத்து, மேல தள்ளி, திரும்ப உள்ள இழுக்கும். பார்க்க சின்னதா, ஒரே சீரா, அழகா இருக்கும். படகுல வரும்போது தடுப்பணை தெரிஞ்சா, கைடு சொல்றதுக்கு முன்னாடியே கரை ஏறி நடந்து தாண்டிடுங்க.

(காட்சி: கைடு கயிறு வீசுறார். மெதுவான ஓட்டத்துல மறுபடியும்.)

மீட்புக் கயித்தை ஒரு சின்னப் பைக்குள்ள அடைச்சு, பையோட சேர்த்துத்தான் வீசுவாங்க. அது வந்தா, கயித்தைப் பிடிங்க, பையைப் பிடிக்காதீங்க. பைக்குள்ள இன்னும் கயிறு பாக்கி இருந்தா அது உருவிட்டே போகும். நெஞ்சோட சேர்த்துப் பிடிச்சு, தோளுக்கு மேல போட்டு, மல்லாக்கப் படுத்துடுங்க. ஆறே உங்களைக் கரைக்கு ஊசலாட்டிக் கொண்டுபோய் விட்டுடும். கையில சுத்திக்க மட்டும் கூடாது. விடணும்னு தோணும்போது விட முடியணும்.

லைஃப் ஜாக்கெட் மாட்டினதும் நண்பன்கிட்ட சொல்லி, ரெண்டு தோள்பட்டையையும் பிடிச்சு மேல தூக்கச் சொல்லுங்க. காது வரைக்கும் ஏறி வந்தா லூசு. வெறுமனே மிதக்க நமக்கு நாலஞ்சு கிலோ தூக்குவிசையே போதும். ஆனா வெள்ளை வெள்ளையா நுரைக்கற தண்ணியில பாதி காத்து. அங்க ஜாக்கெட் போட்டிருந்தாலும் கொஞ்சம் அமுங்கித்தான் மிதப்போம். அலைக்கு நடுவுல பள்ளத்துல மூச்சு இழுங்க, உச்சியில வாயை மூடுங்க.

உடுப்பு விஷயம் சீக்கிரம் முடிச்சுடறேன். ஜீன்ஸ் வேண்டாம், பருத்தி வேண்டாம், ரெண்டும் ஈரத்தைக் குடிச்சுக் குளிர வைக்கும். ரப்பர் செருப்பு முதல் அலையிலயே ஹரித்வாருக்குப் போயிடும், பின்பக்கம் பட்டை இருக்கற செருப்போ பழைய ஷூவோ போடுங்க. கண்ணாடிக்குக் கயிறு கட்டுங்க. தாலிக்கொடி, செயினை அறையிலேயே கழட்டி வெச்சுட்டு வர்றது நல்லது. கழட்ட மாட்டேன்னா ஜாக்கெட்டுக்குள்ள செருகிக்கோங்க, வெளிய தொங்க விடாதீங்க.

(காட்சி: தேவப்பிரயாகை. ரெண்டு நிறத் தண்ணி சேருது.)

அடுத்து, எந்த ஆறு, எந்த மாசம். ஆத்தோட கடினத்தை உலகம் முழுக்க 1-ல இருந்து 6 வரைக்கும் தரம் பிரிக்கறாங்க. 1 சலசலப்பு. 6 உயிரோட விளையாட்டு. கைடோட போற முதல் பயணத்துக்கு 1, 2 போதும். ரிஷிகேஷ்ல 'ரோலர் கோஸ்டர்', 'கோல்ஃப் கோர்ஸ்'னு பேர் வெச்ச ரேப்பிட்கள், அதாவது தண்ணி சீறிப் பாயற இடங்கள் இருக்கு. ராஃப்ட்ங்கற பெரிய ரப்பர் படகுல எட்டுப் பேரோட கத்திக்கிட்டே போற இடம் அது. தனியா ஒரு கயாக்ல, முதல் நாள், அங்க உங்களுக்கு வேலை இல்ல. "எங்க ஆரம்பிச்சு எங்க முடிக்கறோம், நடுவுல என்ன ரேப்பிட், என்ன தரம்?"னு பணம் கட்டறதுக்கு முன்னாடி கேளுங்க. பதில் "எல்லாம் ஈஸி சார்"னு மட்டும் வந்தா, வேற ஆளைப் பாருங்க.

கங்கையில ஜூலை, ஆகஸ்ட்ல மழை வெள்ளத்தால நிறுத்திடுவாங்க. செப்டம்பர் கடைசியில தொடங்கி ஜூன் வரைக்கும் சீசன். பாகீரதியும் அலக்நந்தாவும் தேவப்பிரயாகையில சேர்ந்து கங்கை ஆகுது. ரெண்டும் பனிமலைத் தண்ணி. வெளிய மே மாச வெயில் கொளுத்தும், தண்ணியில விழுந்தா மூச்சு "ஹா"ன்னு அடைக்கும். அது குளிர் அதிர்ச்சி. ஒரு நிமிஷத்துல அடங்கிடும். அந்த ஒரு நிமிஷம் வேற எதுவும் வேண்டாம், மூச்சை மட்டும் நிதானமா வெளிய விடுங்க.

பாகீரதியில டெஹ்ரி அணை இருக்கு. அணைக்குக் கீழ இருக்கற எந்த ஆத்துலயும் தண்ணி மட்டம் மழையே இல்லாம ஏறும், இறங்கும். சாப்பிட ஒதுங்கும்போது படகைக் கரையோரமா விட்டுட்டுப் போகாதீங்க, நல்லா மேல இழுத்துப் போடுங்க. மகாராஷ்டிராவுல கோலாட் பக்கம் குண்டலிகா ஆத்துல கதை தலைகீழ். மின் நிலையத்துல இருந்து தண்ணி திறந்தாத்தான் பயணமே. கோழிக்கோடு பக்கம் துஷாரகிரி சுத்துவட்டாரத்துல மழைக்காலத்துல கயாக் போட்டி நடக்கும். கரையில நின்னு பார்க்கப் போங்க, அருமையா இருக்கும்.

துடுப்பு? சரி, ரெண்டே விஷயம். கை மட்டும் வலிக்குதுன்னா தப்பா போடறீங்க, இடுப்புக்கு மேல உடம்பு திரும்பணும். கை ரெண்டும் தலைக்கு மேல, பின்னால போகவே கூடாது. கயாக்காரங்களுக்குத் தோள்மூட்டு நழுவறது அப்படித்தான். ஏற்கெனவே தோள் நழுவியிருந்தா, வலிப்பு, ஆஸ்துமா, இதயப் பிரச்சனை இருந்தா கைடுகிட்ட மறைக்காம சொல்லுங்க.

ஆறு ஓய்வெடுக்கற இடம்னு ஒண்ணு இருக்கு. பெரிய பாறைக்குப் பின்னால தண்ணி அடங்கி, சில சமயம் மேல்நோக்கிக் கூட ஓடும். 'எடி'ன்னு சொல்வாங்க. அதுக்குள்ள நுழையற எல்லைக் கோட்டுலதான் புதுசா வர்றவங்க கவிழ்வாங்க. பைக்ல வளைவுல சாயற மாதிரி, திரும்பற பக்கமா சாயணும். பயந்து எதிர்ப்பக்கம் சாஞ்சா முடிஞ்சது. பாறை மேல படகு மோதினாலும் இதே கதை. பாறையைக் கட்டிப் பிடிக்கற மாதிரி அது மேல சாயுங்க. விலகிச் சாஞ்சா தண்ணி உள்ள ஏறும்.

(காட்சி: ரெண்டாம் நாள். கைடு கீழ ஒரு எடியில காத்திருக்கார். துடுப்பை நெட்டா தூக்கிப் பிடிக்கிறார்.)

துடுப்பு நெட்டா இருந்தா "வா". குறுக்கா இருந்தா "நில்லு". எனக்கு இந்தி தெரியாது, அவருக்குத் தமிழ் தெரியாது. இது போதுமா இருந்துச்சு. மூணு அலை. ரெண்டாவதுல முழுசா நனைஞ்சேன், மூணாவதுல படகு லேசா ஆடுச்சு, வளைவுல பயத்தோடதான் சாஞ்சேன், எடிக்குள்ள வந்துட்டேன். அவர் தலையில கைய வெச்சுத் தட்டினார்.

நானும் தட்டினேன். மூக்குல இன்னும் தண்ணி இருந்துச்சு.