கண்ணாடியில் தெரியாதவன் திரையில் தெரியலாமா?

நடுவர் ஐயா அவர்களே, எதிரணியில் உட்கார்ந்து இப்போதே கைதட்டல் வாங்கிவிட்ட நண்பர்களே, மழை வருகிற மாதிரி இருந்தும் எழுந்து போகாத பெரியோர்களே, எல்லாருக்கும் வணக்கம்.

'டிராகுலா நம்மை அதிகம் மிரட்டுவது நாவலிலா, திரையிலா?' இதுதான் தலைப்பு. நான் நாவல் கட்சி. எனக்கு முன்னால் பேசிய திரைக் கட்சித் தலைவர் அண்ணன் எப்படி வந்தார் பார்த்தீர்களா? கறுப்புச் சால்வையைத் தோளில் போட்டு, சட்டைக் காலரைக் காது வரைக்கும் தூக்கிவிட்டுக்கொண்டு வந்தார். நீங்கள் எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தீர்கள். நடுவர் ஐயா, தயவுசெய்து குறித்துக்கொள்ளுங்கள்: சிரித்தார்கள். முன்வரிசையில் இருக்கிற அந்தச் சின்னப் பாப்பாகூடச் சிரித்தது. திரைப்பட டிராகுலாவைப் பார்த்து இந்த மண்டபத்தில் ஒருத்தரும் பயப்படவில்லை. என் வாதத்தில் பாதியை அண்ணனே முடித்துக்கொடுத்துவிட்டார்.

'சினிமா இல்லையென்றால், 'டிராகுலா' நாவலை எழுதிய பிராம் ஸ்டோக்கர் என்ற பெயர் யாருக்குத் தெரியும்?' என்று கேட்டார் அண்ணன். நியாயமான கேள்வி. 1912-ல் ஸ்டோக்கர் கண்ணை மூடியபோது ஊருக்கு அவரை லண்டன் லைசியம் தியேட்டரின் மேனேஜராகத்தான் தெரியும். ஹென்றி இர்விங் என்ற பெரிய நடிகருக்குக் கணக்கு வழக்கு பார்த்தவர். டிராகுலாவை உலகம் பூராவும் கொண்டுபோனது சினிமாதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தலைப்பு யாரால் பிரபலம் என்பதா? எது மிரட்டுகிறது என்பதுதானே! பிரபலமானதுதான் வினையாகப் போயிற்று. 1972-ல் அமெரிக்காவில் 'செசமி ஸ்ட்ரீட்' என்ற குழந்தைகள் நிகழ்ச்சியில் ஒரு கவுண்ட், அதாவது டிராகுலா மாதிரி ஒரு பிரபு, வந்தார். அதே அங்கி, அதே இழுத்து இழுத்துப் பேசும் பேச்சு. என்ன வேலை அவருக்கு? பிள்ளைகளுக்கு ஒண்ணு, ரெண்டு, மூணு எண்ணச் சொல்லிக்கொடுப்பது! 2012-ல் வந்த 'ஹோட்டல் டிரான்சில்வேனியா'வில் டிராகுலா, பெண் எவனோடாவது போய்விடுவாளோ என்று தவிக்கிற அப்பா. ரத்தம் குடித்தவரைக் கணக்கு வாத்தியாராகவும் பெண்ணைப் பெற்றவராகவும் ஆக்கிவிட்டு, 'நாங்கள்தான் மிரட்டுகிறோம்' என்கிறீர்களே அண்ணே!

அடுத்து ஒரு தேதி சொன்னார். நாவல் வெளிவந்தது 1897 மே 26. அதற்கு 8 நாள் முன்பே, மே 18-ல், டிராகுலா லைசியத்தில் மேடையேறிவிட்டதாம். ஆக, புத்தகத்துக்கே நாடகம்தான் மூத்ததாம். தேதி சரி. ஆனால் அது நாடகமா? நாடக உரிமையை வேறு யாரும் தட்டிக்கொண்டு போகாமல் இருக்க, சட்டத்துக்காக ஒப்பேற்றிய வாசிப்பு. அச்சுக்குப் போன தாள்களையே வெட்டி ஒட்டி வசனமாக்கிப் படிக்கவைத்தார் ஸ்டோக்கர். பத்திரம் பதிவு பண்ணுவதைக் கிரகப்பிரவேசம் என்று சொன்னால் எப்படி?

சரி, புத்தகத்துக்குள் போவோம்.

ஜோனதன் ஹார்க்கர் என்று ஒரு பையன். புதிதாகத் தேர்வான இங்கிலாந்து வக்கீல். லண்டன் பக்கம் ஒரு பழைய மாளிகையை வாங்க விரும்பும் டிராகுலா பிரபுவுக்குப் பத்திர வேலையை முடித்துக்கொடுக்க, இன்றைய ருமேனியாவில் இருக்கிற டிரான்சில்வேனியாவுக்குப் போகிறான். கோட்டையில் வந்திறங்கிய கொஞ்ச நாளில், ஒரு காலை நேரம், ஜன்னல் பக்கம் சின்னக் கண்ணாடியை மாட்டிவைத்து முகச்சவரம் செய்துகொண்டிருக்கிறான். தோளில் ஒரு கை விழுகிறது. 'காலை வணக்கம்' என்கிறார் பிரபு. ஹார்க்கர் திடுக்கிடுகிறான். ஏன்? கண்ணாடியில் பின்னால் இருக்கிற அறை முழுக்கத் தெரிகிறது. ஆள் வந்தது மட்டும் தெரியவில்லை. திரும்பிப் பார்க்கிறான், பக்கத்தில் நிற்கிறார். மறுபடி கண்ணாடியைப் பார்க்கிறான், இல்லை. கத்தி பட்டு முகவாயில் ரத்தம் வழிகிறது. பிரபுவின் கண் கொள்ளிக்கட்டை மாதிரி ஆகிறது, கை கழுத்துக்குப் பாய்கிறது, அங்கே கிடந்த சிலுவை மாலையில் பட்டதும் அப்படியே அடங்குகிறது. பிறகு ஜன்னலைத் திறந்து அந்தக் கண்ணாடியைக் கீழே வீசுகிறார். எங்கோ ஆழத்தில் முற்றத்துக் கல்லில் விழுந்து தூள்தூளாகிறது.

இதுவரைக்கும் படம் எடுக்கலாம். ஆனால் அடுத்து டைரியில் ஹார்க்கர் என்ன எழுதுகிறான் தெரியுமா? 'பெரிய தொல்லையாகப் போயிற்று. இனிமேல் எதைப் பார்த்துச் சவரம் பண்ணுவது? பைக்கடிகார மூடியிலோ சவரக் கிண்ணத்தின் அடிப்பக்கத்திலோதான் முகம் பார்க்கவேண்டும். நல்லவேளை, கிண்ணம் உலோகம்.'

அட பாவி! உன் கழுத்துக்குக் கை வந்திருக்கிறது, நீ சவரத்தைப் பற்றிக் கவலைப்படுகிறாய்! படிக்கிற நமக்கு விளங்கிவிட்டது, அனுபவிக்கிறவனுக்கு விளங்கவில்லை. நாவலின் பயம் குடியிருப்பது இந்த இடைவெளியில்தான். இதை முதல் தடவை படித்த மறுநாள் காலையில் எங்கள் வீட்டுக் குளியலறைக் கண்ணாடி முன் நின்று இரண்டு முறை திரும்பிப் பார்த்தேன். வெட்கப்படாமல் சொல்கிறேன்.

திரையிலும் கண்ணாடிக் காட்சி உண்டு. 1931-ல் வந்த 'டிராகுலா' படத்தில், டிராகுலாவை வேட்டையாடும் பேராசிரியர் வான் ஹெல்சிங் ஒரு சிகரெட் பெட்டியைத் திறந்து நீட்டுவார், மூடிக்குள் கண்ணாடி இருக்கும், டிராகுலாவாக நடித்த பேலா லுகோசி அதைத் தட்டிவிடுவார். நல்ல காட்சி, நானே கைதட்டுவேன். ஆனால் அதற்குள் படம் பார்க்கிற அத்தனை பேருக்கும் அவர் யார் என்று தெரிந்துபோயிருக்கும். போலீஸ் திருடனைப் பிடிக்கிற சுகம்தான் மிச்சம்.

இன்னொன்று. அந்தக் கோட்டையில் வேலைக்காரர்களே கிடையாது. வேளாவேளைக்குச் சாப்பாடு வருகிறது, படுக்கை விரித்திருக்கிறது. யார் செய்கிறார்கள்? ஒருநாள் ஹார்க்கர் சத்தமில்லாமல் தன் அறைக்குப் போய்ப் பார்க்கிறான். பிரபுவே படுக்கை விரித்துக்கொண்டிருக்கிறார்! நூற்றாண்டுகளாகச் செத்தும் சாகாத ஜமீன்தார் தலையணை தட்டிக்கொண்டிருக்கிறார். முதலில் சிரிப்பு வருகிறது. அடுத்த நொடி, அப்படியானால் அன்று ராத்திரி என்னைக் கோட்டைக்கு வண்டி ஓட்டிக் கூட்டிவந்தவனும் இவன்தானே, இந்தக் கோட்டையில் என்னையும் இவனையும் தவிர வேறு மனுஷர் இல்லையே என்று உறைக்கும்போது அடிவயிறு கலங்குகிறது. இதை எத்தனை படம் காட்டியது அண்ணே? படுக்கை விரிக்கிற டிராகுலாவைக் காட்டினால் 'இமேஜ்' போய்விடுமே.

இமேஜ் என்றதும் நினைவுக்கு வருகிறது. நாவல் டிராகுலாவுக்கு மீசை உண்டு! நீண்ட வெள்ளை மீசை, உள்ளங்கையில் முடி. அந்தத் தூக்கிய காலர் எங்கிருந்து வந்தது? 1924-ல் ஹாமில்டன் டீன் இங்கிலாந்தில் போட்ட நாடகத்திலிருந்து. மேடையில் டிராகுலா மாயமாக மறையவேண்டும். நடிகர் பார்வையாளருக்கு முதுகைக் காட்டி நிற்பார், அந்தப் பெரிய காலர் தலையை மறைத்துக்கொள்ளும், ஆள் நழுவித் தரைக் கதவு வழியாக இறங்கிவிடுவார். அண்ணன் போட்டுக்கொண்டு வந்தாரே அந்தக் காலர், அது மேடைத் தச்சர் வேலை.

லுகோசியைப் பற்றி ஒரு வார்த்தைகூடக் குறைத்துச் சொல்லமாட்டேன். 1927-ல் நியூயார்க் மேடையில் அந்த வேஷம் கட்டினார், படத்துக்கு அவருக்குக் கிடைத்த மொத்தச் சம்பளம் 3,500 டாலர், 1956-ல் இறந்தபோது அந்த அங்கியோடுதான் புதைத்தார்கள். கலைஞன். ஆனால் அவர் கோட்டையில் ஓடுகிற பிராணியைக் கவனித்திருக்கிறீர்களா? ஆர்மடில்லோ! எறும்புதின்னி மாதிரி ஓடு போட்ட அமெரிக்கப் பிராணி. டிரான்சில்வேனியாவில் அதற்கு என்ன ஜோலியோ, எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

சூரிய வெளிச்சத்துக்கு வருகிறேன். எதிரணியின் பெரிய ஆயுதம் அது. 1922-ல் ஜெர்மன் இயக்குநர் முர்னவ் எடுத்த 'நோஸ்ஃபெராட்டு', அனுமதி வாங்காமல், பெயரை மாற்றி எடுத்த படம். ஸ்டோக்கரின் மனைவி ஃப்ளோரன்ஸ் வழக்குப் போட்டார், பிரதிகளை அழிக்கச் சொல்லி 1925-ல் தீர்ப்பு வந்தது, அப்படியும் படம் தப்பிப் பிழைத்தது. அதில்தான் விடியல் வெளிச்சம் பட்டு ரத்தக் காட்டேரி மறைகிற முடிவு முதலில் வந்தது. அழகான முடிவு, மறுக்கவில்லை. ஆனால் அது நமக்குச் செய்த உபகாரம் என்ன? விடிந்தால் செத்துவிடுவான் என்று தெரிந்துபோயிற்று. அலாரம் வைத்துவிட்டு நிம்மதியாகப் படுத்துவிடலாமே!

நாவலில் அந்த நிம்மதி கிடையாது. லண்டன் பிக்காடிலியில், பட்டப்பகலில், ஜனக்கூட்டத்தில் ஹார்க்கர் ஒருவரைப் பார்த்து வெளிறிப்போகிறான். அதே கொக்கி மூக்கு. மீசை மட்டும் கறுத்திருக்கிறது. சாயம் அடித்தாரா என்று கேட்காதீர்கள். குடித்த ரத்தம், வயசு குறைந்திருக்கிறது. கடை வாசலில் வண்டியில் உட்கார்ந்திருக்கிற ஒரு பெண்ணை உற்றுப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். பகலில் அவருக்குச் சக்தி குறைவு, அவ்வளவுதான். கடைசியில் அவர் கதை முடிவதும் வெயிலால் அல்ல. பொழுது சாய்கிற நேரத்தில் ஹார்க்கரின் கூர்க்கா கத்தி கழுத்தில் இறங்குகிறது, அமெரிக்க நண்பரின் கத்தி நெஞ்சில் இறங்குகிறது.

அடுத்து அந்தக் கப்பல். 1885-ல் நார்வா என்ற ஊரிலிருந்து வந்த 'டிமிட்ரி' என்ற ரஷ்யக் கப்பல் இங்கிலாந்தின் விட்பி கடற்கரையில் தரைதட்டியது. 1890-ல் அங்கே விடுமுறைக்குப் போன ஸ்டோக்கர் அந்தச் சேதியைக் கேட்டுக் குறித்துக்கொண்டார். டிமிட்ரி, டிமீட்டர் ஆயிற்று. நார்வாவின் ஆங்கில எழுத்துகளை இடம் மாற்றிப்போட்டால் வார்னா. நாவலில் வார்னாவிலிருந்து, டிராகுலா ஒளிந்து வரும் 50 பெட்டி மண்ணோடு டிமீட்டர் கிளம்புகிறது. நமக்குக் கிடைப்பது கேப்டனின் குறிப்பேடு மட்டும். சில பக்கம்தான். ஒரு மாலுமியைக் காணோம். உயரமாக, ஒல்லியாக, நம் ஆட்களில் சேராத ஒருவன் தளத்தில் நடந்துபோனதாக ஒருவன் சொல்கிறான். கப்பலைச் சல்லடை போட்டுத் தேடுகிறார்கள், யாருமில்லை. இன்னொருவனைக் காணோம். மறுபடி ஒருவன். துணை அதிகாரி 'அது'வைக் குத்தினேன், கத்தி காற்றில் பாய்ந்த மாதிரி போயிற்று என்கிறான், பிறகு கடலில் குதித்துவிடுகிறான். கேப்டன் தன் கைகளைச் சுக்கானோடு கட்டிக்கொள்கிறார். அந்தக் குறிப்பேட்டில் டிராகுலா என்ற பெயர் ஓர் இடத்தில்கூடக் கிடையாது! 2023-ல் இந்த ஒரே பகுதியை வைத்துக் கிட்டத்தட்ட இரண்டு மணி நேரப் படம் எடுத்தார்கள். இறக்கை, பல், நகம் எல்லாவற்றையும் விலாவாரியாகக் காட்டினார்கள். காட்டினார்களா, போயிற்று.

மொத்தம் 27 அத்தியாயத்தில் டிராகுலா முகத்துக்கு முகம் நிற்பது பெரும்பாலும் முதல் 4-ல்தான். பிறகெல்லாம் ஜன்னலுக்கு வெளியே ஒரு நிழல், ஒரு மூடுபனி, கழுத்தில் இரண்டு புள்ளி. எல்லாரும் டைரி எழுதுகிறார்கள், அவன் மட்டும் எழுதவில்லை. கேமராவுக்கு இது கட்டுப்படியாகாது. நட்சத்திரத்துக்குச் சம்பளம் கொடுத்துவிட்டுத் திரையில் காட்டாமல் இருக்க முடியுமா?

நடுவர் ஐயா மணியைத் தொடுகிறார். ஒரே ஒரு ஆளைப் பற்றிச் சொல்லிவிட்டு இறங்கிவிடுகிறேன். மீனா. பெயர் நம் தெருப் பெண் மாதிரி இருக்கும், முழுப்பெயர் வில்ஹெல்மினா, ஹார்க்கரின் மனைவி. சுருக்கெழுத்தும் தட்டச்சும் கற்றவள். டாக்டர் சீவர்ட் என்று ஒருவர் மாதக்கணக்கில் மெழுகு உருளையில் டைரியைப் பேசிப் பதிந்து வைத்திருக்கிறார். தன் தோழி லூசி இறந்த பகுதியைப் போடச்சொல்லி மீனா கேட்டால், அது எங்கே இருக்கிறது என்று அவருக்கே தெரியவில்லை! மீனா உட்கார்ந்து அத்தனையையும் கேட்டுத் தட்டச்சு செய்கிறாள், கணவன் டைரி, கடிதம், தந்தி, பத்திரிகைத் துணுக்கு எல்லாவற்றையும் தேதிவாரியாக அடுக்குகிறாள். கார்பன் வைத்த மாதிரி மூன்று படி. டிராகுலா ஒருநாள் ராத்திரி புகுந்து காகிதத்தையும் உருளையையும் நெருப்பில் போட்டுக் கொளுத்துகிறான். இன்னொரு படி இரும்புப் பெட்டியில் பத்திரமாக இருக்கிறது. அவன் எந்த ஆற்று வழியாகத் தப்பி ஓடுவான் என்று வரைபடத்தை வைத்துக் கணக்குப் போட்டுச் சொல்வதும் அவள்தான். அவன் அவள் வாயைத் தன் நெஞ்சில் அழுத்தி ரத்தம் குடிக்கவைத்த பிறகு!

இந்த மீனாவைத் திரை என்ன செய்தது? 1931-ல் அவள் சீவர்டின் மகள், சோபாவில் மயங்கிக் கிடக்கிறாள். 1958-ல் கிறிஸ்டோபர் லீ வந்த படத்தில் வேறொருவர் மனைவி. 1992-ல் இயக்குநர் கொப்போலா, ஸ்டோக்கரின் பெயரையே தலைப்பில் போட்டுப் படம் எடுத்தார், 3 ஆஸ்கர் வாங்கியது. உள்ளே என்ன? மீனா டிராகுலாவின் செத்துப்போன மனைவியின் மறுபிறவி, இருவருக்கும் காதல்! பூர்வஜென்மக் காதல் நாம் பார்க்காததா ஐயா? பலகையில் அவர் பேர், கடையில் வேற சரக்கு.

நாவலின் கடைசிப் பக்கம். ஏழு வருஷம் கழிந்துவிட்டது. மீனாவுக்கு ஒரு பையன். பெட்டியில் இருந்த காகிதங்களை வெளியே எடுத்துப் பார்க்கிறார்கள். அசல் ஆவணம் என்று சொல்ல அநேகமாக ஒன்றுமே இல்லை, எல்லாம் தட்டச்சுத் தாள். இதைக் காட்டி யாரை நம்பவைப்பது என்று கேட்கிறான் ஹார்க்கர். அவன் முடித்துவிடுகிறான். நான் அந்த வரியைப் படித்துவிட்டு, முதல் பக்கத்துக்குத் திரும்பிப் போய், எது யார் தட்டியது, எது விட்டுப்போயிருக்கும் என்று மறுபடி தேட ஆரம்பித்தபோது மணி ராத்திரி இரண்டு.

வணக்கம்.