காசோலையில் யார் கையெழுத்து?

(கோபிசெட்டிபாளையத்தில் தொண்டு நிறுவனப் பொறுப்பாளர்களும் தொழில்முனைவோரும் கல்லூரி மாணவர்களும் கூடிய அரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையிலுள்ள பெரியவர்களுக்கும் தாய்மார்களுக்கும், மலைமேல் உள்ள பர்கூரிலிருந்தும் தாளவாடியிலிருந்தும் விடியற்காலை பஸ் பிடித்து வந்து பின்வரிசையில் உட்கார்ந்திருக்கும் சங்கப் பொறுப்பாளர்களுக்கும் வணக்கம். பின்வரிசையில் இருப்பவர்கள் தயவுசெய்து முன்னால் வாருங்கள். இன்று பேசப்போவது உங்கள் காரியத்தைப் பற்றித்தான்: மலைமக்களின் சங்கங்களை மலைமக்களே தலைமையேற்று நடத்துவது பற்றி.

கொங்கு நாட்டில் கொடைக்குப் பஞ்சம் இருந்ததில்லை. பீளமேட்டில் நான்கு சகோதரர்கள் பாகம் பிரிக்கும்போது சொத்தை ஐந்து பங்காக்கி, ஐந்தாவது பங்கை அறத்துக்கென்று ஒதுக்கினார்கள். 1926-ல் பி.எஸ்.ஜி. அறநிலையம் அப்படித்தான் பிறந்தது. இன்றைக்கும் கோவையில் குளங்களைக் காக்கச் 'சிறுதுளி' இருக்கிறது. மரம் நட 'வனத்துக்குள் திருப்பூர்' இருக்கிறது. தொழில் செய்து நாலு காசு பார்த்தவர்கள் ஊருக்குத் திருப்பிக் கொடுக்கும் வழக்கம் இந்த மண்ணில் ஆழமாக வேரூன்றியிருக்கிறது.

ஆனால் மலைக்கு மேலே போனால் நிலைமை வேறு. கொடுப்பவர் கீழ்நாட்டுக்காரர். திட்டம் போடுபவர், கணக்கு எழுதுபவர், அதிகாரியிடம் பேசுபவர் எல்லாரும் கீழ்நாட்டுக்காரர்கள். மலைமக்கள் வரிசையில் நின்று வாங்கிக்கொள்கிறவர்கள். இருபது ஆண்டு இயங்கிய ஒரு தொண்டு நிறுவனத்தின் செயற்குழுவில் அந்த மலையில் பிறந்த ஒருவர்கூட இல்லை என்றால், அங்கே நடந்த பயிற்சிகள் எல்லாம் எங்கே போயின என்று நாம் கேட்டாக வேண்டும்.

தலைமை அங்கே புதிதாக முளைக்க வேண்டியதில்லை. மூப்பன் என்ற ஊர்த்தலைவர் இல்லாத இருளர் பதி, அதாவது இருளர் பழங்குடிக் குடியிருப்பு, உண்டா? சீங்கப்பதியில், சர்க்கார் போரத்தியில் ஒரு சாவு, ஒரு கல்யாணம், ஒரு தகராறு என்றால் யார் பேச்சு எடுபடும் என்று ஊருக்கே தெரியும். மகளிர் சுயஉதவிக் குழுக்கள் 1989-ல் தர்மபுரி மாவட்டத்தில் தொடங்கியபோது, கையெழுத்துப் போடத் தெரியாத பெண்கள்கூட ஊக்குநர், பிரதிநிதி என்ற பொறுப்புகளுக்கு வந்தார்கள். இன்று மலைக் கிராமங்களில் கடன் வசூலையும் வங்கிப் பரிவர்த்தனையையும் பத்து ஆண்டுகளாக நடத்திக்கொண்டிருக்கும் பெண்கள் இருக்கிறார்கள். பேச்சு, நேர்மை, ஊர் நம்பிக்கை எல்லாம் அவர்களிடம் உண்டு. குறைவாக இருப்பது காகிதப் பழக்கம். அது கற்றுக்கொள்ளக்கூடியது. ஆனால் இரண்டு நாள் பயிற்சியில் வராது.

இரண்டு நாள் பயிற்சி எப்படி நடக்கிறது என்று உங்களுக்கே தெரியும். சத்தியமங்கலத்தில் ஒரு மண்டபம், ஒரு ஃபைல், ஒரு பேனா, மதியம் சாப்பாடு, மாலையில் சான்றிதழ், குழுப் படம். வகுப்பெடுப்பவர் நன்றாகவே எடுப்பார். காலை பத்து மணிக்கு என்று போடுவார்கள். அது பன்னிரண்டுக்குத் தொடங்கி ஐந்தரைக்கு முடியும். திம்பம் மலைப்பாதையில் 27 கொண்டை ஊசி வளைவுகள். இரவில் வாகனங்களுக்குக் கட்டுப்பாடு உண்டு. 2022-லிருந்து நீதிமன்ற உத்தரவு அமலில் இருக்கிறது. கடைசி பஸ்ஸைப் பிடித்தாலும், இறங்கிய இடத்திலிருந்து ஊருக்கு நடக்கும் வழியில் யானை நிற்கும். ஆகவே மூன்று மணிக்கே பெண்கள் பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிடுவார்கள். "பெண்கள் ஆர்வம் காட்டுவதில்லை" என்று அறிக்கையில் எழுதப்படும். எனக்கு மனம் கொதிப்பது இந்த வரியைப் படிக்கும்போதுதான். பயிற்சியை ஆசனூரில் வையுங்கள், பர்கூரில் வையுங்கள். தாளவாடிப் பக்கம் என்றால் கன்னடமும் சோளகர் பழங்குடியினரின் பேச்சும் தெரிந்த ஒருவரை வகுப்பில் வையுங்கள். யார் ஆர்வம் காட்டுகிறார்கள் என்று அப்புறம் பாருங்கள்.

இனி காகிதத்துக்கு வருகிறேன். இதில் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆசனூருக்கு மேலே ஓர் ஊர். சீமாறுப் புல்லும் நெல்லிக்காயும் கடுக்காயும் சேகரித்து விற்கும் ஒரு சங்கம். பொருளாளர் ஒரு பெண். எட்டாம் வகுப்பு வரை உண்டு உறைவிடப் பள்ளியில் படித்தவர். சரக்கை இறக்க ஜீப் வாடகை கொடுத்திருக்கிறார். ஜீப்காரர் ரசீது தரமாட்டார். அவரிடம் ரசீதுப் புத்தகமே கிடையாது. ஆண்டு முடிவில் ஆடிட்டர் "பில் எங்கே?" என்று கேட்டால் சங்கமே குற்றவாளிக் கூண்டில் நிற்கும். ஆகவே அந்தப் பொருளாளர் வவுச்சர் எழுதுகிறார்: தேதி, வண்டி எண், எங்கிருந்து எங்கே, எத்தனை மூட்டை, தொகை எண்ணிலும் எழுத்திலும், ஜீப்காரர் கையெழுத்து. ஐயாயிரத்துக்கு மேல் போனால் ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டி, அதன் மேல் பாதி, காகிதத்தில் பாதியாகக் கையெழுத்து விழ வேண்டும். ஒரே ஆளுக்கு ஒரே நாளில் பத்தாயிரத்துக்கு மேல் ரொக்கமாகக் கொடுக்கக் கூடாது, வங்கி வழியாகத்தான். எழுதி முடித்ததும் அன்றைக்கே ரொக்கப் புத்தகத்தில் பதிந்து, கையிருப்பை எண்ணிப் பார்த்துச் சரி என்று ஒரு கோடு போடுகிறார்.

இதைச் சொல்லிக்கொடுக்க அரை மணி நேரம் போதும். பழக்கமாக மாற ஒரு கணக்காண்டு வேண்டும். ஏப்ரலில் தொடங்கி மார்ச்சில் முடித்து, ஆடிட்டரிடம் உட்கார்ந்து அவர் கேட்கும் கேள்விக்கெல்லாம் தானே பதில் சொல்லி, அந்தக் கணக்கைப் பொதுக்குழுவில் படித்துக் காட்டி, பதிவாளர் அலுவலகத்தில் தாக்கல் செய்து ஒப்புகை வாங்கும்வரை ஒரு சுற்று. இரண்டாம் சுற்றில் வழித்துணையாக இருப்பவர் பக்கத்தில் இருந்தால் போதும். மூன்றாம் சுற்றில் தொலைபேசியில் கிடைத்தால் போதும். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-ல் வந்தது. ஏழு பேர் சேர்ந்தால் சங்கம் பதியலாம். பதிவு செய்து கொடுத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போகிறவர்கள் நிறையப் பேர். நான்கு ஆண்டு கழித்துப் போய்ப் பார்த்தால் ஒரு கணக்கும் தாக்கல் ஆகியிருக்காது, சங்கம் பெயரளவில் நிற்கும்.

இன்னொன்று ஓடிபி. வங்கிக்கும் வருமான வரித் தளத்துக்கும் யாருடைய கைப்பேசி எண்ணைக் கொடுத்திருக்கிறோமோ அவர்தான் உண்மையான செயலாளர். மலையில் டவர் கிடைக்காது என்று காரணம் சொல்லி, ஈரோட்டிலோ கோவையிலோ இருக்கும் நிறுவனரின் எண்ணைக் கொடுத்துவிடுகிறார்கள். நல்ல எண்ணத்தோடுதான் கொடுக்கிறார்கள். ஆனால் அதோடு அதிகாரம் முழுவதும் கீழே இறங்கிவிடுகிறது. வாரத்தில் ஒரு நாள் டவர் கிடைக்கும் இடத்துக்கு வந்து பணம் அனுப்பட்டும்; காரியம் இரண்டு நாள் தாமதமாகட்டும், பரவாயில்லை. எண் அவர்களுடையதாக இருக்க வேண்டும். காசோலையில் இரண்டு கையெழுத்து என்றால் இரண்டும் மலைக் கையெழுத்தாக இருக்க வேண்டும்.

சட்டங்கள் இறுகிவிட்டதால் இது இப்போது அவசரம். 2020 செப்டம்பரில் வெளிநாட்டு நன்கொடைச் சட்டம் திருத்தப்பட்டது. அதற்கு முன்பு ஒரு பெரிய நிறுவனம் வெளிநாட்டு நிதியை வாங்கி, மலையிலுள்ள சிறு சங்கத்துக்குப் பகிர்ந்து கொடுக்க முடியும். இப்போது முடியாது. நிர்வாகச் செலவுக்கான உச்சவரம்பும் பாதியிலிருந்து இருபது விழுக்காடாகக் குறைந்தது. உள்ளூர்த் தொழில் நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதியை வாங்கலாம் என்றால், 2021 ஏப்ரல் முதல் அதற்கும் தனிப் பதிவு வேண்டும். வரிவிலக்குப் பதிவையும் குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். பெரியவர்களின் நிழலில் சிறியவர்கள் பிழைத்த காலம் போய்விட்டது. சொந்தக் கணக்கு, சொந்தப் பதிவு, சொந்தத் தணிக்கை இல்லாத சங்கம் இனி நிற்காது.

தலைமை கணக்கோடு முடிவதில்லை. காட்டில் வாழ்பவர்களுக்கு நில உரிமை தரும் வன உரிமைச் சட்டம் 2006-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 2005 டிசம்பர் 13-க்கு முன்பிருந்தே நிலம் கையில் இருந்ததற்கு ஆதாரம் காட்ட வேண்டும். கிராம சபையில் பாதிப் பேராவது வந்திருக்க வேண்டும்; வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள் இருக்க வேண்டும். தமிழ்நாட்டில் 2008-ல் வந்த உயர் நீதிமன்ற இடைக்கால உத்தரவால் உரிமைச் சான்று வழங்குவது தடைபட்டு, 2016-ல் உச்ச நீதிமன்றம் அதை நீக்கிய பிறகுதான் வழி திறந்தது. அந்த எட்டு ஆண்டும் மனுவின் நகலையும் தீர்மானப் புத்தகத்தையும் கறையான் அரிக்காமல் வைத்திருந்தது யார்? ஊர்க்காரர்கள்தான். இடையில் எத்தனையோ திட்டப் பணியாளர்கள் வந்து மாறிப் போனார்கள்.

பர்கூர் மலையில் வாழும் மலையாளி என்ற பழங்குடி மக்களின் (கேரளத்தவர் அல்ல) வழக்கும் அப்படியே. சேலம், தர்மபுரி மாவட்டங்களில் அவர்களுடைய உறவினர்கள் பழங்குடியினர் பட்டியலில் இருக்கிறார்கள். ஈரோடு மாவட்டத்தில் இவர்கள் இல்லை. பட்டியல் மாவட்ட வாரியாகப் போடப்பட்டது. அன்றைய கோவை மாவட்டத்தின் பெயர் அதில் விடுபட்டிருந்தது. 1979-ல் ஈரோடு தனி மாவட்டமானபோதும் அந்த விடுபடல் தொடர்ந்தது. பெண் எடுத்துப் பெண் கொடுத்த சொந்தங்களில் ஒரு பிள்ளைக்குச் சாதிச் சான்று கிடைக்கும், இன்னொரு பிள்ளைக்குக் கிடைக்காது. இந்த வரலாற்றை ஒரு கீழ்நாட்டு வழக்கறிஞர் சொல்வதைவிட, பர்கூரில் பிறந்த ஒரு பெண் ஆட்சியர் முன் நின்று ஆண்டு வாரியாகச் சொல்லும்போது அதற்குத் தனி வலிமை உண்டு. அவருக்கு அந்த ஆண்டுகளையும் ஆணைகளையும் எடுத்துக் கொடுப்பது நம் வேலை. பேசுவது அவர் வேலை.

திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் இதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். சங்கத் தலைவி மனுவோடு நிற்கிறார். பக்கத்தில் உடன் வந்த தொண்டு நிறுவனத்துக்காரர், வெள்ளைச் சட்டை. அதிகாரி தலைவியைப் பார்க்காமல் வெள்ளைச் சட்டையைப் பார்த்து, "என்ன பிரச்சினை, சொல்லுங்கள்" என்கிறார். வெள்ளைச் சட்டைக்காரர் ஓரடி பின்னால் நகர்ந்து, "தலைவர் அக்கா சொல்வார்கள், ஐயா" என்றார். அக்கா முதலில் தடுமாறினார். பிறகு மனு எண், போன முறை மனுக் கொடுத்த தேதி, வந்த பதில் எல்லாவற்றையும் அடுக்கினார். அதிகாரி நாற்காலியைத் திருப்பிக்கொண்டு அவரிடமே பேசத் தொடங்கினார். வழிகாட்டிக்கு இருக்க வேண்டிய திறமைகளில் தலையாயது அந்த ஓரடி என்று நான் நினைக்கிறேன். நிறையப் படித்தவர்களுக்கு அது கடினமாக இருக்கிறது.

இது நடக்கக்கூடியதா என்று கேட்பவர்கள் அதிக தூரம் போக வேண்டாம். நீலகிரி மாவட்டத்துக் கூடலூரில் 1980-களில் தொடங்கிய ஆதிவாசி முன்னேற்றச் சங்கத்தைப் பாருங்கள். கோத்தகிரியில் பழங்குடியினரே பங்குதாரர்களாக இருந்து நடத்தும் ஆதிமலை உற்பத்தியாளர் நிறுவனத்தைப் பாருங்கள். சித்தேரி மலையடிவாரத்தில், சிட்டிலிங்கியில், 1993-ல் இரண்டு மருத்துவர்கள் ஒரு குடிசையில் ஆரம்பித்த மருத்துவமனையில் செவிலியராகவும் சுகாதாரப் பணியாளராகவும் உள்ளூர்ப் பழங்குடிப் பெண்களே பழக்கப்பட்டு வளர்ந்தார்கள். இங்கெல்லாம் தொடங்கியவர்கள் வெளியிலிருந்து வந்தவர்கள்தான். ஆனால் ஊரிலேயே குடியிருந்தார்கள், ஆண்டுக்கணக்கில் இருந்தார்கள். நம் பக்கத்திலேயே பழைய முன்மாதிரி உண்டு. 1925-ல் திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் ராஜாஜி காந்தி ஆசிரமம் தொடங்கியபோது, சேலத்தில் வக்கீல் வீட்டில் இருந்துகொண்டு தொண்டர்களுக்கு வகுப்பெடுக்கவில்லை. பிள்ளைகளோடு ஆசிரமத்திலேயே வந்து தங்கினார். பர்கூர்ச் சங்கத்துப் பெண்கள் ஐந்து பேரைக் கூடலூருக்கு ஒரு வாரம் அனுப்பி அங்குள்ள சங்கத்தாரோடு தங்கவையுங்கள். எங்கள் வகுப்புகளில் கிடைக்காதது அங்கே கிடைக்கும்.

கடைசியாகப் பணம். இங்கே வந்திருக்கும் தொழில் நண்பர்களிடம் உரிமையோடு கேட்கிறேன். பள்ளிப் பை கொடுக்கிறீர்கள், கட்டடம் கட்டிக் கொடுக்கிறீர்கள், கல்வெட்டில் பெயர் வருகிறது, நல்லது. "சங்கச் செயலாளருக்கு மாதச் சம்பளம்" என்று கேட்டால் முகம் மாறுகிறது. மலையில் பட்டப்படிப்பு முடித்த இளைஞர் திருப்பூர் பனியன் கம்பெனிக்கு ஏன் போகிறார்? அங்கே சனிக்கிழமை சம்பளம் வருகிறது. சொந்த ஊரில் சங்கம் நடத்தினால் பாராட்டு மட்டும்தான் வருகிறது. உங்கள் கம்பெனிக் கணக்காளருக்குச் சம்பளம் இல்லாமல் கணக்கு நடக்குமா? மூன்று ஆண்டுக்கு ஒரு செயலாளர், ஒரு கணக்காளர், இருவருடைய சம்பளத்தையும் பயணச் செலவையும் ஒரு சங்கத்துக்கு ஏற்றுக்கொள்ளுங்கள். ஒரு வகுப்பறை கட்டும் செலவைவிடக் குறைவாகத்தான் ஆகும்.

பணம் கொடுக்க முடியாதவர்கள் நேரம் கொடுக்கலாம். ஆடிட்டர் அலுவலகங்களில் வேலை பார்க்கும் தம்பி தங்கைகள் இங்கே சிலர் இருக்கிறீர்கள். மாதம் ஒரு சனிக்கிழமை தாளவாடிக்கோ பர்கூருக்கோ வர முடியும் என்றால் கூட்டம் முடிந்ததும் மேடைக்குக் கீழே வந்து பெயர் கொடுங்கள். சங்கப் பொறுப்பாளர்கள் ரொக்கப் புத்தகத்தோடு வந்திருக்கிறார்கள். முதல் பக்கத்தை இன்றைக்கே அவர்களோடு உட்கார்ந்து பார்த்துவிட்டு, நான்கு மணி பஸ்ஸுக்கு அவர்களை அனுப்பிவைப்போம்.