வாய்ப்பே தராமல் நட்சத்திரம் எங்கே என்றால்?

நேயர்களுக்கு வணக்கம்.

ஒரு புதுப்படம் வருகிறது என்றால் நாம் முதலில் கேட்பது, "யார் நடிச்சிருக்காங்க?" என்றுதான். கதை என்ன, எடுத்தது யார் என்பதெல்லாம் அப்புறம். ஹாலிவுட்டிலும் அதே கேள்விதான். அங்கே ரசிகர்களுக்கு முன்பே பணம் போடுகிறவர்கள் அதைக் கேட்டுவிடுவார்கள். படப்பிடிப்பு தொடங்கும் முன்பே பல நாட்டு விநியோகஸ்தர்களிடம் படத்தை விற்பது அங்கே வழக்கம். போஸ்டரில் வரப்போகும் பெயரைப் பார்த்துத்தான் பலர் முன்பணம் தருவார்கள். இதெல்லாம் உண்மை, நான் மறுக்கவில்லை. இந்த உண்மையைச் சாக்காக வைத்துக்கொண்டு, மற்ற இனத்தவரின் வேடங்களையும் வெள்ளை நடிகர்களுக்கே கொடுக்கும் காரியம்தான் எனக்குப் பல காலமாக உறுத்துகிறது.

2014-ல் இயக்குநர் ரிட்லி ஸ்காட், பைபிளில் வரும் மோசஸின் கதையைப் படமாக்கினார். 'எக்ஸோடஸ்: காட்ஸ் அண்ட் கிங்ஸ்' என்று பெயர். கதை நடப்பது பழைய எகிப்தில். மோசஸாக பிரிட்டனில் பிறந்த கிறிஸ்டியன் பேல், எகிப்து மன்னனாக ஆஸ்திரேலியாவின் ஜோயல் எட்ஜர்டன். ஏன் இப்படி என்று கேள்வி கிளம்பியது. எங்கிருந்தோ வந்த ஒரு முகமதுதான் கதாநாயகன் என்று சொன்னால், இவ்வளவு பெரிய பட்ஜெட்டுக்கு யாரும் பணம் தரமாட்டார்கள் என்ற பொருளில் ஸ்காட் ஒரு பேட்டியில் பதில் சொன்னார். சரி, அந்த முகமது ஏன் இத்தனை காலமாக எங்கிருந்தோ வந்தவராகவே இருக்கிறார்? அவருக்குப் பெயர் வரும்படியான வேடத்தை யாராவது எப்போதாவது கொடுத்தார்களா?

இந்தக் கேள்வி வரும்போதெல்லாம் எனக்கு, சீனக் குடும்பத்தில் பிறந்த அமெரிக்க நடிகை ஆனா மே வாங் நினைவுக்கு வந்துவிடுவார். அவரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

1905-ல் லாஸ் ஏஞ்சல்ஸில் பிறந்தவர் வாங். அப்பா சலவைக்கடை வைத்திருந்தார். சீனர் குடியிருப்புத் தெருக்களில் நடந்த படப்பிடிப்புகளை வேடிக்கை பார்த்து வளர்ந்த பெண், 17 வயதிலேயே ஒரு படத்தின் நாயகி ஆகிவிட்டார். 1922-ல் வந்த 'தி டோல் ஆஃப் தி சீ', அந்தக் காலத்து அபூர்வமான வண்ணப்படம். அமெரிக்கன் ஒருவனை நம்பி ஏமாந்து, பெற்ற பிள்ளையையும் கொடுத்துவிட்டு, கடலில் போய் விழும் பெண்ணாக நடித்தார். அப்போதிலிருந்து அவருக்கு வந்ததெல்லாம் இதே மாதிரிதான். ஒன்று அடிமைப்பெண், இல்லாவிட்டால் சதிகாரி. கடைசி ரீலில் செத்துப்போக வேண்டும். வெறுத்துப்போய் 1928-ல் ஐரோப்பாவுக்குப் போனார். பெர்லினிலும் லண்டனிலும் நாயகியாக நடித்துப் புகழ் பெற்றுத் திரும்பினார்.

1932-ல் வந்த 'ஷாங்காய் எக்ஸ்பிரஸ்' கிடைத்தால் பாருங்கள். ரயில் பெட்டியில் மார்லீன் டீட்ரிச்சும் வாங்கும் எதிரெதிரே இருக்கிறார்கள். கிராமபோன் பாடுகிறது. விடுதி நடத்தும் ஒரு மேட்டுக்குடி அம்மாள் உள்ளே வந்து, தன் விடுதியில் கண்ணியமானவர்கள் மட்டும்தான் தங்கலாம் என்று அளக்கிறார். வாங் குரலை உயர்த்தவே இல்லை. உங்கள் விடுதிக்கு எந்த அளவு கண்ணியம் தேவைப்படும் என்று எனக்குச் சரியாகத் தெரியவில்லையே என்று ஒரே வாக்கியம், அவ்வளவுதான். டீட்ரிச் போன்ற பெரிய நட்சத்திரம் பக்கத்தில் இருக்கும்போதே நம் கண் வாங்கை விட்டு நகராது. நட்சத்திரம் என்பதற்கு இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்?

அப்புறம்தான் 'தி குட் எர்த்' வந்தது. சீன விவசாயக் குடும்பத்தின் கதை, ஹாலிவுட்டின் எம்.ஜி.எம். நிறுவனத் தயாரிப்பு, நாயகி ஒரு சீனக் குடியானவப் பெண். அமெரிக்காவில் அப்போது ஊரறிந்த சீன நடிகை வாங் ஒருவர்தான். ஆனால் கணவன் வேடத்துக்கு பால் முனி என்ற வெள்ளை நடிகரைப் போட்டார்கள். வெள்ளையரும் மற்ற இனத்தவரும் காதலராகவோ தம்பதியாகவோ திரையில் வரக்கூடாது என்பது அந்தக் காலத் தணிக்கையின் போக்கு. இதைக் கவனியுங்கள். கதையில் கணவனும் சீனன், மனைவியும் சீனப்பெண். கணவன் வேடத்தை வெள்ளையருக்குக் கொடுத்தார்கள், அதையே காரணமாக்கி மனைவி வேடத்தில் சீனப்பெண்ணுக்கு இடமில்லாமல் செய்தார்கள்! ஜெர்மனியில் பிறந்த லூயிஸ் ரெய்னருக்கு அந்த வேடம் போனது, ஆஸ்கரும் கிடைத்தது. வாங்கைக் குடும்பத்தைக் கெடுக்கும் ஆசைநாயகி வேடத்துக்குக் கேட்டார்கள். சீன ரத்தம் உள்ள என்னை மட்டும் கெட்டவளாக்குவீர்களா என்று மறுத்துவிட்டார். 1936-ல் சீனாவுக்குப் போனால் அங்கே வேறு அடி. எங்களைக் கேவலப்படுத்தும் வேடங்களில் நடித்தவள் என்று பத்திரிகைகள் ஏசின. அந்தப் பெண் எங்கேதான் போவார்?

வேறு ஆளாக மாறுவதுதானே நடிப்பு, யார் எந்த வேடம் போட்டால் என்ன என்று சிலர் கேட்பார்கள். நல்ல கேள்விதான். எல்லோருக்கும் எல்லா வேடமும் கிடைத்திருந்தால் நானும் அந்தக் கட்சிதான். ஆனால் சீனப்பெண்ணாக ரெய்னர் நடிக்கலாம், வெள்ளைக்காரப் பெண்ணாக வாங் நடிக்க முடியாது. வழி ஒரு பக்கம் மட்டும்தான் திறந்திருந்தது. மறுபடியும் சொல்கிறேன், ஒரு பக்கம் மட்டும். நீச்சல் தெரிந்த பிறகுதான் கிணற்றில் இறங்க விடுவோம் என்பது மாதிரி, பெயர் வாங்கிய பிறகுதான் வேடம் என்றார்கள்.

இதெல்லாம் பழங்கதை என்று தள்ளிவிட வேண்டாம். 2015-ல் வந்த 'அலோஹா' படத்தில் சீன, ஹவாய் ரத்தம் கலந்த பெண்ணாக நடித்தது வெள்ளை நடிகை எம்மா ஸ்டோன். இயக்குநர் கேமரன் குரோ அதற்காக மன்னிப்புக் கேட்க வேண்டியிருந்தது. 2015, 2016 இரண்டு ஆண்டுகளிலும் ஆஸ்கர் நடிப்புப் பிரிவுகளில் பரிந்துரையான 20 பேரும் வெள்ளையர்தான்.

பெரிய பெயர் இல்லாவிட்டால் படம் ஓடாது என்கிறார்களே, அதையும் பார்ப்போம். 2017-ல் வந்த 'கெட் அவுட்' நாயகன், கறுப்பின நடிகர் டேனியல் கலூயாவைப் பெரும்பாலோருக்கு அப்போது தெரியாது. சுமார் 45 லட்சம் டாலரில் எடுத்த படம் 25 கோடி டாலர் வசூலித்தது. மறு ஆண்டு 'கிரேஸி ரிச் ஏஷியன்ஸ்'. அந்த நாவலின் உரிமையைக் கேட்டு வந்த ஒரு தயாரிப்பாளர் நாயகியை வெள்ளைக்காரப் பெண்ணாக மாற்றச் சொன்னதாக அதை எழுதிய கெவின் குவானே சொல்லியிருக்கிறார். அவர் இணங்கவில்லை. ஆசிய நடிகர்களை வைத்து 3 கோடி டாலரில் எடுத்து, 23 கோடி டாலருக்கு மேல் வசூல். ஸ்காட்டின் மோசஸோ, அத்தனை பெரிய பெயர்களும் 14 கோடி டாலர் செலவும் இருந்தும், அமெரிக்காவில் சுமார் 6½ கோடியோடு நின்றுவிட்டார். பிறகு யாரை நம்பிப் பணம் போட்டார்கள்?

சீனப்பெண்ணாக வேடமிட்டதற்கு 1938-ல் ரெய்னருக்குக் கிடைத்த சிறந்த நடிகை விருது, ஆசியப் பெண் ஒருவர் கைக்கு வர 2023 ஆகிவிட்டது. மலேசியாவின் ஈப்போவில் பிறந்த மிஷெல் யோ அதை வாங்கினார்.

நேரம் நெருங்கிவிட்டதாகச் சைகை காட்டுகிறார்கள். மைத்ரேயி ராமகிருஷ்ணனைப் பற்றி விரிவாகப் பேச நினைத்திருந்தேன், சுருக்கமாகவாவது சொல்லிவிடுகிறேன். இலங்கைத் தமிழ்க் குடும்பத்துப் பெண், கனடாவின் மிசிசாகாவில் வளர்ந்தவர். அமெரிக்க நடிகையும் எழுத்தாளருமான மிண்டி கேலிங் தன் தொடருக்கு நாயகி தேடியது 2019-ல். பெயரெடுத்த முகம் வேண்டும் என்று உட்கார்ந்திருக்காமல், யார் வேண்டுமானாலும் வரலாம் என்று சமூக வலைதளத்தில் அறிவித்துவிட்டார். விண்ணப்பித்தவர்கள் சுமார் 15,000 பேர். பள்ளி நாடகம் தவிர வேறு அனுபவம் இல்லாத மைத்ரேயிக்கு அந்த வேடம் கிடைத்தது. 'நெவர் ஹேவ் ஐ எவர்' என்ற அந்தத் தொடர் 2020-ல் தொடங்கி நான்கு பருவங்கள் ஓடியது. முதல் பருவத்தையாவது வீட்டுப் பிள்ளைகளோடு உட்கார்ந்து பாருங்கள்.

வணக்கம்.