கோழியின் சூடும் எலியின் பாதமும்

நேயர்களுக்கு வணக்கம். அடைப்பான் நோய் ஆடு மாட்டைக் கொல்லும், மனிதரையும் கொல்லும். கொல்லையில் மேயும் நாட்டுக்கோழிக்கோ சாதாரணமாக ஒன்றும் ஆவதில்லை. ஏன்? நம் உடம்புச் சூடு 37 டிகிரி செல்சியஸ். கோழிக்கு 41, 42.

1878-இல் லூயி பாஸ்டர் கோழிக்கு அடைப்பான் கிருமியை ஊசியில் ஏற்றி, உடம்பின் கீழ்ப்பாதியைக் குளிர்ந்த தண்ணீரில் இருத்தினார். சூடு 37, 38-க்கு இறங்கியது, கோழி செத்தது. இன்னொரு கோழியை நோய் கண்டதும் வெளியே எடுத்துக் கதகதப்பாக வைத்தார். அது பிழைத்துக்கொண்டது. குளிரில் எதிர்ப்புச் சக்தியும் தளர்ந்திருக்கும், அது வேறு. ஆனால் அதே கிருமிதான், அதே கோழி இனம்தான்.

சூட்டை மறக்காதீர்கள். தொழுநோய்க்கும் அதுதான் சங்கதி. காது மடல், மூக்கு, விரல் என்று குளிர்ந்த இடமாகப் பார்த்துத்தான் அந்தக் கிருமி குடியேறும். ஆய்வகத் தட்டில் இன்றுவரை வளர்க்க முடியவில்லை. 1960-இல் ஷெப்பர்ட் என்ற அமெரிக்க ஆய்வாளர் எலியின் உள்ளங்காலில் வளர்த்துக் காட்டினார். ஆத்தங்குடிக் கல் தரையில் வெறுங்காலோடு நின்று பாருங்கள், உடம்பில் முதலில் சில்லிடுவது பாதம்தான்.

நோயாளியின் தோல் துணுக்கை அரைத்து, கிருமிகளை எண்ணி, ஒரு பாதத்துக்கு 5,000 முதல் 10,000 வரை செலுத்துவார்கள். கூட்டிப் போட்டால் ஆய்வு கெட்டது. ஏனென்றால் 10 லட்சத்தை எட்டியதும் எலியின் எதிர்ப்புச் சக்தி தடுத்துவிடும். குறைவாகத் தொடங்கினால்தான் பெருக்கம் தெரியும். ஒன்று இரண்டாக 12 நாளுக்கு மேல் ஆகும், ஆகவே ஆறு மாதம் பொறுக்க வேண்டும். தீவனத்தில் டாப்சோன் என்ற தொழுநோய் மாத்திரையைக் கலந்தும் கிருமி பெருகினால், மருந்துக்கு அது மசியவில்லை என்று அர்த்தம்.

இந்தக் கேள்விக்கு எலி சரியாகப் பதில் சொல்லும். நரம்பு மரத்துப்போவது எப்படி என்று கேட்டால் கைவிரிக்கும். அதற்கு ஆர்மடில்லோ வேண்டும். பார்க்க நம்ம அழுங்கு மாதிரி ஓடு போர்த்தியிருக்கும், உறவு கிடையாது. உடம்புச் சூடு 32 முதல் 35. மறுபடியும் சூடுதான், பாருங்கள்!

நேரம் முடிகிறது என்று கை காட்டுகிறார்கள். காசநோயைப் பற்றி நிறையச் சொல்ல இருந்தேன், இரண்டே வார்த்தை. சென்னை நோயாளிகளிடம் எடுத்த கிருமிகள் பல, பிரிட்டன் கிருமிகளைவிடக் கினிப்பன்றியிடம் சாதுவாக இருந்தன. 1960-இல் வெளியான முடிவு இது. அந்த நோயாளிகள் பலரின் நுரையீரலிலோ குழி விழுந்திருந்தது. பி.சி.ஜி. என்ற காசநோய்த் தடுப்பூசி கினிப்பன்றியைக் காத்தது, ஆனால் 1968-இல் செங்கல்பட்டில் தொடங்கிய பெரிய ஆய்வில் பெரியவர்களின் நுரையீரல் காசநோயைத் தடுக்கவில்லை. சிறு குழந்தைக்கு மூளைக் காசநோய் வராமல் காக்க உதவுகிறது. பிறந்த பிள்ளைக்குப் போடும் அந்த ஊசியை மட்டும் தள்ளிப் போடாதீர்கள். வணக்கம்.