62 வயதில் ‘போரும் வாழ்வும்’

நேயர்களுக்கு வணக்கம்.

நான் 34 வருடம் அரசு மருத்துவமனையில் நர்ஸாக வேலை பார்த்தவள். அதில் பெரும்பகுதி ஆண்கள் அறுவை சிகிச்சை வார்டில். ஓய்வு பெற்று நான்கு வருடம் ஆகிறது. சமீபத்தில் படித்த ஏதாவது ஒரு புத்தகத்தைப் பற்றிப் பேசுங்கள் என்று நிலையத்திலிருந்து கேட்டார்கள். எனக்கு யோசிக்க வேண்டியிருக்கவில்லை. போன வருடம் நான்கு மாதம் என்னோடு ஒரே ஒரு நாவல்தான் இருந்தது. லியோ டால்ஸ்டாய் எழுதியது. ‘போரும் அமைதியும்’ என்று பலரும் சொல்வார்கள். எங்கள் வீட்டில் இருப்பது டி.எஸ். சொக்கலிங்கம் மொழிபெயர்த்த ‘போரும் வாழ்வும்’. தினமணியின் முதல் ஆசிரியராக இருந்த அதே சொக்கலிங்கம்தான்.

ரஷ்ய மொழியில் அமைதி என்பதற்கான சொல்லுக்கும் உலகம் என்பதற்கான சொல்லுக்கும் ஒரே உச்சரிப்பு: மிர். தமிழில் ‘வாழ்வு’ என்று வைத்ததுதான் எனக்குப் பிடித்திருக்கிறது. இந்த நாவலில் பீரங்கிச் சத்தம் இல்லாத பக்கங்களிலும் அமைதி என்று ஒன்று கிடையாது. பிரசவம், கடன், சூதாட்டம், சம்பந்தம் பேசுவது, சாகக் கிடக்கிற கிழவரின் உயிலுக்காகச் சொந்தக்காரர்கள் கைப்பையைப் பிடித்து இழுப்பது, எல்லாம் நடக்கிறது. வாழ்வு என்றால் அதுதானே.

புத்தகம் அப்பா வாங்கியது. மூன்று முறை எடுத்தேன். மூன்று முறையும் இருபது பக்கத்திலேயே நின்றுவிட்டேன். 1805 ஜூலையில், பீட்டர்ஸ்பர்க் நகரத்தில், அன்னா பாவ்லோவ்னா என்ற சீமாட்டி வீட்டு விருந்தில் கதை தொடங்குகிறது. வருகிற ஒவ்வொருவருக்கும் சொந்தப் பெயர், அப்பா பெயரை ஒட்டிய பெயர், குடும்பப் பெயர், போதாததற்குச் செல்லப்பெயர். ஒரே ஆளை நாலு பேர் நாலு விதமாகக் கூப்பிடுகிறார்கள். நைட் டூட்டி முடித்து வந்து படிக்கிறவளுக்கு, இருபது பேர் ஒரே நேரத்தில் பேசுகிற கூடத்தில் கொண்டுபோய் நிறுத்தியது போல இருந்தது.

போன வருடம் முழங்காலில் அறுவை சிகிச்சை செய்துகொண்டு படுத்திருந்தேன். அப்போதுதான் நாலாவது முறையாக எடுத்தேன். இந்த முறை பெயர்களைப் பற்றிக் கவலைப்படவில்லை. நமக்குத் தெரியாத ஊரில் ஒரு கல்யாண வீட்டில் போய் இறங்கினால், யார் மாப்பிள்ளைக்குச் சித்தப்பா, யார் பெண்ணுக்குத் தாய்மாமன் என்று வாசலிலேயே தெரிந்துகொள்ள முடியுமா? பந்தியில் உட்கார்ந்து எழுவதற்குள் தானாகத் தெரிந்துவிடும். அது மாதிரி விட்டுவிட்டேன். மேலுதட்டில் பூனைமுடி படர்ந்த சின்ன இளவரசி, கண்ணாடி போட்ட பருத்த பையன், தரை அதிர நடக்கிற, ஆனால் கண்ணில் அத்தனை ஒளி இருக்கிற இன்னொரு இளவரசி என்று ஆளை மட்டும் பிடித்துக்கொண்டேன். வார்டிலும் அப்படித்தான். புதிதாக வந்தவரை முதல் நாள் படுக்கை எண்ணை வைத்துத்தான் தெரியும். மூன்றாம் நாள் திரும்பிப் பார்க்காமலே இருமல் சத்தத்தில் யாரென்று சொல்லிவிடலாம்.

அந்தக் கண்ணாடிப் பையன்தான் பியர். சின்ன இளவரசியின் கணவன் ஆந்த்ரே. தரை அதிர நடப்பவள் அவனுடைய தங்கை மரியா. அப்புறம் மாஸ்கோவில் ரோஸ்தோவ் குடும்பம்: நிகோலாய், நடாஷா, கடைக்குட்டி பேட்யா. இவ்வளவு பேர் தெரிந்தால் போதும். மற்றவர்களை டால்ஸ்டாயே கையைப் பிடித்து அறிமுகம் செய்து வைப்பார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நாவல் பெரியது, ஆனால் அத்தியாயங்கள் சின்னவை. மொத்தம் 361. எனக்குத் தெரிந்த முறை மாத்திரை கொடுக்கிற முறைதான். காலையில் ஒன்று, மதியம் ஒன்று, ராத்திரி ஒன்று. நான்கு மாதத்தில் முடிந்துவிட்டது. ராத்திரி அத்தியாயத்தை மட்டும் பல நாள் இரண்டாக்கிக்கொண்டேன்.

டால்ஸ்டாய் இதை எழுதத் தொடங்கியது 1863-ல். அப்போது அவருக்கு 35 வயது. முதலில் அவர் எழுத நினைத்தது வேறு கதை. 1825 டிசம்பரில் பீட்டர்ஸ்பர்க்கில் சில இளம் அதிகாரிகள் ஜார் மன்னருக்கு எதிராகக் கிளர்ந்தார்கள். அவர்களில் பலரைச் சைபீரியாவுக்கு அனுப்பிவிட்டார்கள். அப்படிப் போன ஒருவர் முப்பது வருடம் கழித்து, கிழவராக 1856-ல் திரும்பி வருகிறார். அதுதான் கதை. அவரைப் புரிந்துகொள்ள 1825-க்குப் போக வேண்டியிருந்தது. 1825-ஐப் புரிந்துகொள்ள, அவருடைய இளமைக்காலமான 1812-க்கு, நெப்போலியன் ரஷ்யாவுக்குள் படையோடு வந்த வருடத்துக்குப் போனார். அப்போது ரஷ்யாவுக்குக் கிடைத்த வெற்றியை மட்டும் எழுதுவது நியாயமில்லை, அதற்கு முந்தைய தோல்வியையும் எழுத வேண்டும் என்று 1805-க்குப் போனார். இப்படிப் பின்னால் போய்ப் போய்த்தான் அந்த விருந்துக் கூடத்துக்கு வந்து சேர்ந்தார். நாவல் முழுதாக அச்சில் வந்தது 1869-ல். அவருடைய கிறுக்கலையும் அடித்தல் திருத்தலையும் படித்து, திரும்பத் திரும்ப நல்ல பிரதி எடுத்துக் கொடுத்தவர் மனைவி சோஃபியா. கல்யாணம் ஆனபோது அவருக்கு 18 வயது. கைக்குழந்தைகளை வைத்துக்கொண்டு அந்த வேலையைச் செய்தார். புத்தகத்தைக் கையில் எடுத்த நாளெல்லாம் அவரையும் நினைத்துக்கொண்டேன்.

இனி நான் பேச வந்த இடத்துக்கு வருகிறேன்.

1812 செப்டம்பர் 7, பொரொதினோ போர். ஆந்த்ரேயின் படைப்பிரிவு சண்டையிலேயே இறங்காமல் குண்டு விழுகிற இடத்தில் மணிக்கணக்காகக் காத்து நிற்கிறது. ஒரு குண்டு பக்கத்தில் விழுந்து, பம்பரம் மாதிரி புகைந்துகொண்டு சுற்றுகிறது. அடுத்த நிமிடம் அவனுக்கு வயிற்றில் காயம். கூடாரத்துக்குத் தூக்கிப் போகிறார்கள். பக்கத்து மேசையில் ஒருவனுக்குக் காலை வெட்டி எடுக்கிறார்கள். வெட்டிய காலைப் பூட்ஸோடு அவனிடமே காட்டுகிறார்கள், அவன் பெண்பிள்ளை மாதிரி விம்முகிறான். யாரென்று பார்த்தால், நடாஷாவை மயக்கி, அவளுக்கும் ஆந்த்ரேக்கும் நிச்சயமான கல்யாணத்தைக் கெடுத்த அனதோல். அவனைத் தேடிப் பிடித்துக் கணக்குத் தீர்க்க வேண்டும் என்றுதான் ஆந்த்ரே அலைந்துகொண்டிருந்தான். இப்போது கோபம் வரவில்லை, அழுகை வருகிறது. நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன். அடுத்தடுத்த படுக்கையில் விரோதிகள் கிடந்ததை நான் பார்த்திருக்கிறேன். ஒரே வரப்புத் தகராறில் வெட்டிக்கொண்டு வந்த இரண்டு பேர். ராத்திரி இரண்டு மணிக்கு ஒருவர் முனகினார். மற்றவர், “சிஸ்டர், அவனைக் கொஞ்சம் பாருங்க” என்று என்னைக் கூப்பிட்டார்.

அதன் பிறகு ஆந்த்ரே உடனே சாவதில்லை. மாஸ்கோவை விட்டு ஊரே வெளியேறும்போது, ரோஸ்தோவ் குடும்பம் வண்டிகளில் ஏற்றிய பாத்திரம் பண்டங்களை இறக்கிவிட்டு, காயம்பட்ட வீரர்களை ஏற்றிக்கொள்கிறது. அந்த வண்டி வரிசையோடு போகிற இன்னொரு வண்டியில் ஆந்த்ரே இருக்கிறான். நடாஷாவுக்கு அது பிறகுதான் தெரியவருகிறது. அன்றிலிருந்து அவள்தான் அவனைப் பார்த்துக்கொள்கிறாள். காலுறை பின்னிக்கொண்டே உட்கார்ந்திருக்கிற வயதான தாதிகளைப் போல நோயாளியைக் கவனிக்க யாராலும் முடியாது, அந்தப் பின்னலில் ஏதோ ஒரு ஆறுதல் இருக்கிறது என்று அவன் ஒருமுறை சொல்லியிருப்பான். அதற்காகவே அவள் பின்னக் கற்றுக்கொள்கிறாள். நர்ஸ் வேலையைப் பற்றி நான் படித்ததிலேயே இவ்வளவு சரியான வரி வேறு கிடையாது. நோயாளிக்குப் பக்கத்தில் இருக்கிறவர் அவரையே உற்றுப் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. கையில் ஏதாவது வேலை இருக்க வேண்டும். எங்கள் காலத்தில் ராத்திரி மேசையில் உட்கார்ந்து பஞ்சு உருட்டுவோம். அதைப் பார்த்துக்கொண்டே தூங்கிப்போனவர்கள் எத்தனையோ பேர்.

பிறகு தங்கை மரியா, ஆந்த்ரேயின் சின்ன மகனையும் கூட்டிக்கொண்டு வந்து சேருகிறாள். காயம் எப்படி இருக்கிறது என்று நடாஷாவிடம் கேட்கிறாள். காயம் பரவாயில்லை, ஆனால் இரண்டு நாளைக்கு முன்பு திடீரென்று ‘அது’ வந்துவிட்டது என்கிறாள் நடாஷா. அது என்றால் எது என்று அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. மரியா உள்ளே போகிறாள். அண்ணன் மரியாதையாகப் பேசுகிறான், கேட்டதற்குப் பதில் சொல்கிறான். ஆனால் எங்கோ தூரத்திலிருந்து பேசுகிறான். மகனைக் கொண்டுவந்து காட்டுகிறார்கள். முத்தம் கொடுக்கிறான். அப்புறம் அவனிடம் என்ன பேசுவது என்று தெரியவில்லை.

நேயர்களே, அந்த ‘அது’ என்னவென்று எனக்குத் தெரியும். வார்டில் பல வருடம் இருந்த எந்த நர்ஸுக்கும் தெரியும். காய்ச்சல் அட்டவணையில் அது வராது. எங்கள் வார்டில் நாற்பது வயது விவசாயி ஒருவர் இருந்தார். தினமும் மனைவியிடம் ஆட்டைப் பற்றி, கிணற்றைப் பற்றி, பிள்ளையின் படிப்பைப் பற்றிக் கேட்டுத் துளைப்பார். ஒரு நாள் எதையும் கேட்கவில்லை. அந்தம்மா தானாகச் சொன்னபோதும் சிரித்துத் தலையை ஆட்டினார், அவ்வளவுதான். “என் மேல ஏதோ வருத்தம் போல இருக்கு சிஸ்டர்” என்று அந்தம்மா என்னிடம் வந்து அழுதார். வருத்தம் இல்லையம்மா என்று சொன்னேன். அதற்கு மேல் சொல்ல எனக்கு வார்த்தை இருக்கவில்லை. நடாஷாவுக்கு இல்லாதது போலவே.

டால்ஸ்டாய் இதைக் கற்பனையில் மட்டும் பிடித்திருக்க முடியாது. கிரிமியப் போரில் செவஸ்தபோல் முற்றுகையின்போது பீரங்கிப் படையில் இருந்தவர் அவர். 1860-ல் அண்ணன் நிகோலாய் காசநோயில் பிரான்சில் இறந்தபோது பக்கத்தில் இருந்தவர். தள்ளி நின்று பார்த்தவருக்கு இந்த விவரம் கிடைக்காது.

ஆந்த்ரேயின் சாவு வருவதற்குப் பல அத்தியாயம் ஆகிறது. பேட்யாவின் சாவுக்கு நாலைந்து வரிதான். ஆனால் நான் வாய்விட்டு அழுதது பேட்யாவுக்காக. இது ஏன் என்று பல நாள் யோசித்தேன். முதல் பாகத்தில் அவன் சின்னப் பையன், அக்கா பின்னால் ஓடுகிறவன். ஆயிரம் பக்கத்துக்கு மேல் அவன் நம் வீட்டில் வளர்கிறான். மாஸ்கோவில் ஜார் மன்னர் மாடியிலிருந்து பிஸ்கட் எறியும்போது, ஒரு கிழவியை இடித்துத் தள்ளிவிட்டு ஒன்றைப் பொறுக்குகிறான். பதினைந்து பதினாறு வயதில் பட்டாளத்துக்குப் போய், தெனிசோவ் என்ற தளபதியின் முகாமுக்கு வருகிறான். கடைக்காரனிடம் பத்துப் பவுண்டு உலர்திராட்சை வாங்கி வைத்திருக்கிறான். பெரியவர்களிடம், எனக்கு இனிப்புத் தின்று பழக்கம், நல்ல திராட்சை, எடுத்துக்கொள்ளுங்கள் என்று எல்லாருக்கும் நீட்டுகிறான். பிடிபட்ட பிரெஞ்சுச் சிறுவனுக்குச் சாப்பாடு கொடுத்தார்களா என்று கவலைப்படுகிறான். அன்று ராத்திரி, அவனுடைய வாளைச் சாணை பிடிக்கிற சத்தத்தில் அவனுக்கு ஒரு பெரிய வாத்தியக் கோஷ்டியே கேட்கிறது. காலையில் குதிரையிலிருந்து விழுகிறான். அவனைத் திருப்பிப் பார்க்கிற தெனிசோவுக்கு அந்தத் திராட்சைதான் நினைவுக்கு வருகிறது.

சுருக்கப் பதிப்பில் இந்த இடத்தைப் படித்தால், ஒரு பையன் செத்தான் என்று தெரியும். அவ்வளவுதான் தெரியும். அவன் வளர்ந்த பக்கங்களையெல்லாம் நாமும் கடந்து வந்திருந்தால்தான் அந்தத் திராட்சை வலிக்கும். ஏன் இவ்வளவு நீளம் என்று மூன்று முறை இந்தப் புத்தகத்தை வைத்தவள் நான். பதில் அங்கேதான் கிடைத்தது.

கடினமான இடங்களும் உண்டு. வரலாற்றை நடத்துவது நெப்போலியன் மாதிரி பெரிய மனிதர்களா, பெயர் தெரியாத லட்சக்கணக்கான மனிதர்களா என்று டால்ஸ்டாய் கதையை நிறுத்திவிட்டு வாதாடுகிறார். கடைசிப் பகுதி முழுக்க அந்த வாதம்தான். எனக்கு அது சிரமமாக இருந்தது. அதையே அவர் கதையாகச் சொல்கிற இடம் ஒன்று இருக்கிறது, அது போதும் எனக்கு. மாஸ்கோவைக் கைவிடுவதா வேண்டாமா என்று ஃபிலி கிராமத்தில் ஒரு குடியானவன் வீட்டில் தளபதிகள் கூடிப் பேசுகிறார்கள். அந்த வீட்டு ஆறு வயதுக் குழந்தை மலாஷா அடுப்பு மேடையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்க்கிறாள். ரஷ்யப் படையின் தலைமைத் தளபதி குதுசோவ் அவள் கண்ணுக்கு ஒரு தாத்தா. அந்தத் தாத்தாவோடு நீளக் கோட்டுக்காரர் ஒருவர் சண்டை போடுகிறார். அவள் தாத்தா பக்கம்.

கதைப்பகுதி முடிகிற இடத்தைச் சொல்லி நிறுத்திக்கொள்கிறேன். 1820 டிசம்பர் 5. நடாஷாவுக்கும் பியருக்கும் கல்யாணம் ஆகிக் குழந்தைகள் இருக்கிறார்கள். மரியாவை மணந்திருப்பவன் நடாஷாவின் அண்ணன் நிகோலாய். எல்லாரும் ஒரே வீட்டில் கூடியிருக்கிறார்கள். நாடு போகிற போக்கு சரியில்லை, நல்லவர்கள் ஒன்றுசேர வேண்டும் என்கிறான் பியர். உங்கள் மேல் படையை ஏவச் சொல்லி மேலிடம் உத்தரவு போட்டால் யோசிக்காமல் வெட்டுவேன் என்கிறான் நிகோலாய். பேச்சை மூலையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறான் ஆந்த்ரேயின் மகன். கைக்குக் கிடைத்த இறகுப் பேனாக்களைத் தன்னை அறியாமல் ஒடித்துப் போட்டிருக்கிறான். அன்று ராத்திரி கனவில் அப்பா வருகிறார். விழித்துக்கொண்டு, அப்பாவே மெச்சும்படி ஏதாவது செய்வேன் என்று இருட்டில் தனக்குத் தானே சொல்லிக்கொள்கிறான்.

டால்ஸ்டாய் எழுத நினைத்த 1825 டிசம்பர் வருவதற்கு இன்னும் ஐந்து வருடம் இருக்கிறது. பீட்டர்ஸ்பர்க் சதுக்கத்தில் அன்று பீரங்கி வெடித்தது. மறுவருடம் ஐந்து பேரைத் தூக்கில் போட்டார்கள். நூறு பேருக்கு மேல் சைபீரியா போனார்கள். பியர் அதில் இருந்திருப்பானா, நிகோலாய் எதிர்ப்பக்கம் நின்றிருப்பானா, நாவலில் இல்லை. நான் மட்டும் கணக்குப் போட்டுக்கொண்டே இருக்கிறேன். அந்தப் பையன் பிறந்தது 1806 மார்ச்சில். அந்த டிசம்பரில் அவனுக்கு வயது பத்தொன்பது.

வணக்கம்.