தனியாகப் போகாதீர்கள்

அவைத்தலைவர் அவர்களுக்கும், கணித்தமிழ் ஆர்வலர்களுக்கும், மாணவ நண்பர்களுக்கும் வணக்கம்.

ட்விட்டரை விட்டு வெளியேறிவிடலாமா என்ற கேள்வி இந்தியாவில் முதன்முதலில் பெரிதாக எழுந்தது 2019 நவம்பரில். அதற்குச் சில நாள் முன்பு உச்ச நீதிமன்ற மூத்த வழக்கறிஞர் சஞ்சய் ஹெக்டேயின் கணக்கை அந்த நிறுவனம் முடக்கியிருந்தது. அவர் முகப்பில் வைத்திருந்தது ஒரு பழைய புகைப்படம். 1936, ஹாம்பர்க் கப்பல் கட்டும் தளம். நாஜி வணக்கம் செலுத்த அத்தனை பேரும் கையை உயர்த்தியிருக்கிறார்கள். நடுவில் ஒரே ஒரு தொழிலாளி கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். அவர் பெயர் ஆகஸ்ட் லாண்ட்மெஸ்ஸர் என்று சொல்வார்கள். சர்வாதிகாரத்துக்கு வணங்காத மனிதனின் படம், வெறுப்பைப் பரப்பும் படமாகக் கருதப்பட்டது. கணக்கைத் திறந்தார்கள், பிறகு ஓர் இந்திக் கவிதையைப் பகிர்ந்ததற்காக மறுபடியும் பூட்டினார்கள்.

எழுத்தாளர்கள், வழக்கறிஞர்கள், பத்திரிகையாளர்கள், மாணவர்கள் என்று பெருங்கூட்டம் மாஸ்டடான் என்ற வேறொரு சமூக ஊடகத்துக்குக் கிளம்பியது. சில வாரங்களில் பெரும்பாலோர் திரும்பிவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர்களுடைய வாசகர்கள், நண்பர்கள், வாதம் செய்யும் எதிராளிகள் எல்லோரும் பழைய இடத்திலேயே இருந்தார்கள். நம்மைக் கட்டிப்போடுவது அந்த நிறுவனத்தின் செயலி அல்ல. பத்து வருடமாகச் சேர்த்த மனிதர்கள் அங்கே இருக்கிறார்கள், அவர்களை எடுத்துக்கொண்டு வர வழியில்லை. இதுதான் பூட்டு.

இந்தப் பூட்டு நமக்குப் புதிதல்ல. செல்பேசி நிறுவனத்தை மாற்றினால் எண்ணும் போய்விடும் என்று பயந்து எத்தனை பேர் மோசமான சேவையைப் பொறுத்துக்கொண்டிருந்தோம்? 2011 ஜனவரியில் எண் மாறாமல் நிறுவனம் மாறும் வசதி நாடு முழுக்க வந்தது. அதன் பிறகுதான் வாடிக்கையாளர் சேவை மையத்தில் நம்மிடம் கொஞ்சம் பணிவாகப் பேச ஆரம்பித்தார்கள். சமூக ஊடகத்தில் அந்த வசதிக்கு இணையான ஒன்றைத்தான் மாஸ்டடான் கொடுக்கிறது.

அது நடக்கும் விதத்தைக் கொஞ்சம் விளக்கிச் சொல்கிறேன். ஜெர்மனியைச் சேர்ந்த ஆய்கன் ரோச்கோ 2016-இல் வெளியிட்ட கட்டற்ற மென்பொருள் அது. யார் வேண்டுமானாலும் இறக்கித் தம் சர்வரில், அதாவது கணக்குகளையும் பதிவுகளையும் வைத்திருக்கும் கணினியில், நிறுவிக்கொள்ளலாம். ஆக்டிவிட்டிபப் என்ற பொது நெறிமுறையால் சர்வர்கள் ஒன்றோடொன்று பேசும். உலகளாவிய வலைத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு 2018 ஜனவரியில் அதை ஏற்றது. ஆகவே நீங்கள் ஒரு சர்வரிலும் உங்கள் தோழி இன்னொரு சர்வரிலும் இருந்தாலும் ஒருவரை ஒருவர் தொடரலாம், பதில் எழுதலாம். சர்வர் பிடிக்கவில்லையா? வேறு சர்வரில் கணக்குத் தொடங்கி, அதில் பழைய முகவரியைக் குறிப்பிட்டு, பழைய கணக்கின் அமைப்புகளுக்குள் போய் ‘இடம் மாறிவிட்டேன்’ என்று புது முகவரியைக் கொடுத்தால் போதும். உங்களைப் பின்தொடர்ந்தவர்கள் தாமாகவே புது முகவரிக்கு வந்து சேர்வார்கள். நீங்கள் பின்தொடர்ந்தவர்களின் பட்டியலையும் கோப்பாக இறக்கி அங்கே ஏற்றிக்கொள்ளலாம்.

பழைய பதிவுகள் மட்டும் கூட வராது. இதை மறைக்கக் கூடாது. வேறு கஷ்டங்களும் உண்டு. மாஸ்டடான்.லால் என்ற சர்வரில் ஆயிரக்கணக்கானோர் இருந்தார்கள். நடத்தியவர் தனி மனிதர். 2023 பிப்ரவரியில், இனி முடியாது என்று அறிவித்து மூன்று மாத அவகாசம் கொடுத்தார், மே மாதம் மூடினார். குவியர்.ஏஎஃப் என்ற சர்வரின் கதை வேறு. ஏஎஃப் என்பது ஆப்கானிஸ்தானின் இணைய முகவரிக் குறி. 2024 பிப்ரவரியில் தாலிபான் அரசு அந்த முகவரியையே முடக்கிவிட்டது. எனவே சேரும் முன் பாருங்கள்: நடத்துவது ஒருவரா, குழுவா? செலவு யார் கையிலிருந்து போகிறது? விதிகள் எழுதி வைக்கப்பட்டிருக்கின்றனவா? முகவரி எந்த நாட்டுக்குரியது?

புளூஸ்கை என்ற இன்னொரு சமூக ஊடகத்தைப் பற்றியும் பலர் கேட்கிறார்கள். 2024 பிப்ரவரியில் எல்லோருக்கும் திறந்தார்கள். சொந்த இணைய முகவரியையே அங்கே பெயராக வைத்துக்கொள்ளலாம், நல்ல ஏற்பாடு. ஆனால் பெரும்பாலான கணக்குகள் இன்னமும் ஒரே நிறுவனத்தின் சர்வர்களில் இருப்பதால் எனக்கு முழுத் திருப்தி இல்லை.

மாஸ்டடான் கட்டுப்பாடே இல்லாத காடாகிவிடாதா என்று கேட்கலாம். 2019-இல் வெறுப்புப் பேச்சுக்குப் பேர்போன கேப் தளம் மாஸ்டடான் மென்பொருளை எடுத்துக்கொண்டது. கட்டற்ற மென்பொருள், தடுக்க முடியாது. ஆனால் பெரும்பாலான சர்வர்கள் அதனோடு பேச மறுத்தன. மேலிடத்து உத்தரவு ஏதுமில்லை. அந்தந்தச் சர்வரை நடத்துகிறவர்கள் தாங்களே எடுத்த முடிவு. இந்த ஒரு நிகழ்ச்சிக்காகவே மாஸ்டடானின் மீது எனக்குப் பெரிய மரியாதை உண்டு.

மறுபக்கத்தில் என்ன நடந்தது? 2022 அக்டோபரில் 4,400 கோடி டாலருக்கு ட்விட்டரை எலான் மஸ்க் வாங்கினார். அந்த டிசம்பரிலேயே, மாஸ்டடான் போன்ற தளங்களில் உள்ள உங்கள் கணக்கை இங்கே விளம்பரப்படுத்தக் கூடாது என்று விதி போட்டார்கள். எதிர்ப்பு வலுத்ததும் உடனே கைவிட்டார்கள். நான் வீடு மாறிவிட்டேன் என்று அண்டை வீட்டாரிடம் சொல்வதற்கே தடை! அந்த விதியைப் படித்த அன்று, இனி இங்கே ஒரே காலில் நிற்கக் கூடாது என்று முடிவு செய்தேன்.

ஒரே நிறுவனத்தை நம்பி எழுதினால் என்ன ஆகும் என்பதைத் தமிழில் நாம் ஏற்கெனவே பட்டவர்கள். ஆர்குட் என்ற சமூக ஊடகம் 2014 செப்டம்பரோடு போனது. கூகுள் பிளஸ் 2019 ஏப்ரலில் போனது. அங்கே இலக்கணத்தைப் பற்றியும் இசையைப் பற்றியும் நடந்த சண்டைகள், விடிய விடிய எழுதிய பின்னூட்டங்கள் எங்கே? சேமித்து வைத்தவர்களிடம் கொஞ்சம் இருக்கலாம், அவ்வளவுதான்.

ஆகையால் கோபம் வந்த இரவில் கணக்கை அழித்துவிட்டு ஒற்றையாகக் கிளம்பாதீர்கள். முதலில் உங்கள் பழைய பதிவுகளின் பிரதியைக் கேட்டு இறக்கி வையுங்கள். நீங்கள் தினமும் பேசும் பத்துப் பேரை அழையுங்கள், ஒரே வாரத்தில் போங்கள். பழைய கணக்கில் புது முகவரியை எழுதிவைத்துச் சில மாதம் விட்டுவையுங்கள். புது இடத்தில் முதல் சில நாட்கள் வெறிச்சென்று இருக்கும். எதைப் பார்க்கலாம் என்று தீர்மானித்துத் தரும் இயந்திரம் அங்கே கிடையாது; நேர வரிசைதான். நீங்களே தேடித் தொடர வேண்டும், நீங்களே முதல் வார்த்தை பேச வேண்டும். சர்வர் நடத்துகிறவருக்கு மாதம் ஒரு தேநீர்ச் செலவையாவது அனுப்புங்கள். விளம்பரம் இல்லாத இடத்தில் வேறு வருமானம் இல்லை.

கடைசியாக, இங்கே வந்திருக்கும் கல்லூரி ஆசிரியர்களிடமும் நூலக வாசகர் வட்டத்தாரிடமும் ஒரு கோரிக்கை. பிபிசி 2023-இல் தன் பெயரிலேயே ஒரு மாஸ்டடான் சர்வரைச் சோதனையாகத் தொடங்கியது. ஜெர்மனியில் அரசுத் துறைகளுக்கென்றே ஒரு சர்வர் இருக்கிறது. ஒரு தமிழ்த்துறை, ஒரு வாசகர் வட்டம், ஒரு மாவட்ட எழுத்தாளர் சங்கம் தன் பெயரில் ஒன்றை நடத்த முடியாதா? நிறுவித் தருவதற்கும் மாணவர்களுக்குக் கற்றுத் தருவதற்கும் எங்கள் குழு வரும், கட்டணம் வேண்டாம். பொறுப்பேற்க இரண்டு பேரை மட்டும் நீங்கள் தாருங்கள். கூட்டம் முடிந்ததும் மேடைக்கு இடதுபுறம் ஒரு நோட்டு இருக்கும், பெயர் எழுதிவிட்டுப் போங்கள்.