மூசையில் இட்ட மனிதன்

நேயர்களுக்கு என் வணக்கம்.

1962 ஏப்ரல் 8, ஞாயிற்றுக்கிழமை இரவு, அமெரிக்காவின் என்.பி.சி. தொலைக்காட்சியில் 'பொனான்சா' தொடரின் ஒரு கதை ஒளிபரப்பானது. ஜான் டூகன் எழுதி, பால் நிக்கெல் இயக்கிய அந்தக் கதையின் பெயர் 'தி குரூசிபிள்'. பொற்கொல்லர்கள் பொன்னை இட்டு உருக்குகின்ற மூசை என்பது அதன் பொருள். ஐம்பது நிமிடத்துக்குள் முடிந்துவிடும் அந்தக் கதையில் ஆடம் கார்ட்ரைட்டாக நடித்த பெர்னல் ராபர்ட்ஸின் நடிப்பைப் பற்றித்தான் இன்று உங்களோடு பேச விரும்புகிறேன். கௌபாய் தொடர்கள் என்றால் துப்பாக்கியும் குதிரையும் மட்டுமே என்று எண்ணியிருப்பவர்களுக்கு, ஒரு நல்ல நடிகர் அந்த வடிவத்துக்குள் எவ்வளவு ஆழம் போக முடியும் என்பதைக் காட்ட இதைவிடத் தெளிவான சான்றை நான் அறியேன்.

தொடரைப் பற்றி ஓரிரு சொற்கள் முதலில் சொல்ல வேண்டும். 1959 முதல் 1973 வரை பதினான்கு பருவங்கள் ஓடிய 'பொனான்சா', நெவாடாவில் டாஹோ ஏரிக்கரையை ஒட்டிய பாண்டரோசா என்னும் பெரும் பண்ணையில் வாழும் தந்தையும் மூன்று மகன்களுமான ஒரு குடும்பத்தின் கதை. மூன்று மகன்களுக்கும் தாயார் வேறுவேறு; அந்தத் தாயார் மூவரும் உயிரோடு இல்லை. மூத்தவன் ஆடம் கிழக்கு மாநிலக் கல்லூரியில் படித்தவன், கறுப்புடை அணிபவன், தம்பிகள் கொதித்தெழும்போது நிதானம் இழக்காமல் நின்று நியாயம் பேசுபவன். ராபர்ட்ஸின் கனத்த, பண்பட்ட குரல் அந்த நிதானத்துக்கு மிகவும் பொருந்தியது. ஜார்ஜியா மாநிலத்தில் பிறந்து நாடக மேடையில் தேர்ந்தவர் அவர். ஷேக்ஸ்பியரின் மாக்பெத் வேடத்துக்காக 1955-இல் டிராமா டெஸ்க் என்னும் நியூயார்க் நாடக விருது பெற்றவர். இப்படிப்பட்டவருக்கு வாரந்தோறும் வந்துபோகும் தொடர்க்கதை எளிதில் நிறைவு தருவதில்லை. கதைகளின் தரம் குறித்து அவர் வெளிப்படையாகவே குறைபட்டுக்கொண்டார். ஆறு பருவங்கள் முடிந்ததும், 1965-இல், தொடர் புகழின் உச்சியில் இருந்தபோதே விலகினார். அந்த அதிருப்தியில் நியாயம் இருந்தது என்றே நான் கருதுகிறேன். இந்த வாரம் எத்தனை அடிபட்டாலும் அடுத்த வாரம் வடுவே இல்லாமல் வந்து நிற்க வேண்டிய கதாநாயகனுக்கு, உள்ளுக்குள் உடைந்துபோக வாய்ப்பே இல்லை அல்லவா? 'தி குரூசிபிள்' அந்த வாய்ப்பை அவருக்கு ஒரே ஒருமுறை முழுமையாகக் கொடுத்தது.

கதை எளியது. கால்நடை விற்ற பணம் ஐயாயிரம் டாலரோடு பாலைவனத்தில் தனியே செல்லும் ஆடமை இரண்டு திருடர்கள் வழிமறித்து, பணத்தையும் குதிரையையும் பறித்துக்கொண்டு, நடையாக விட்டுவிடுகிறார்கள். தாகத்தோடு நடந்து தளர்ந்தவன், தங்கம் தேடித் தனியே சுரங்கம் தோண்டிக்கொண்டிருக்கும் பீட்டர் கேன் என்பவனிடம் வந்து சேர்கிறான். சில நாள் உழைத்துக் கொடுத்தால் கோவேறு கழுதையும் உணவும் தருவதாகக் கேன் சொல்கிறான், ஆடமும் இசைகிறான். ஆனால் கேனுக்கு வேண்டியது தங்கமன்று. தகுந்த நிலைமையில் வைத்து வதைத்தால் எத்தகைய பண்பாளனையும் கொலைகாரனாக்கலாம் என்பது அவன் கொள்கை. அதை மெய்ப்பிக்கக் கிடைத்த ஆள் ஆடம்.

கேனாக வருபவர் லீ மார்வின். இரண்டாம் உலகப் போரில், 1944-இல், சைபான் தீவுச் சண்டையில் காயமுற்ற கடற்படைக் காலாள் வீரர் அவர். பின்னர் 'கேட் பாலூ' படத்துக்காக ஆஸ்கர் பெற்றார். கேனை அவர் வெறும் பைத்தியக்காரனாக நடித்திருந்தால் இந்தக் கதை அங்கேயே செத்திருக்கும். ஓர் ஆசிரியர் மாணவனோடு வாதிடுவதுபோல, விருப்பத்தோடும் ஒருவகை உற்சாகத்தோடும் கேன் பேசுகிறான். அந்த இணக்கம்தான் நம்மை அச்சுறுத்துகிறது. எதிரே இருப்பவர் இவ்வளவு அளவோடு நடிக்கும்போது ராபர்ட்ஸும் மிகையாக எதையும் செய்ய முடியாது, செய்யவுமில்லை.

வானொலியில் பேசுகிறேன் என்பதால் மட்டும் சொல்லவில்லை: இந்த நடிப்பின் அடித்தளமே குரல்தான். தொடக்கத்தில் ஆடம் கேனிடம் நன்றியறிதலோடு, முழுமையான சொற்றொடர்களில் பேசுகிறான். நிலைமை புரியத் தொடங்கியதும் வாதிடுகிறான். நியாயம் பேசினால் எதிராளி கேட்பான் என்ற நம்பிக்கை, படித்த மனிதனுக்கே உரிய அந்த நம்பிக்கை, அவன் குரலில் இன்னும் இருக்கிறது. பிறகு நாட்கள் கழியக் கழிய, தாகமும் உழைப்பும் அவமதிப்பும் சேரச் சேர, பேச்சு சுருங்குகிறது. கேனின் கேள்விகளுக்கு விடை சொல்லுமுன் ஓர் இடைவெளி விழுகிறது. அந்த இடைவெளியில், சொல்வதற்குச் சொல் தேடுகிறானா, தன்னை அடக்கிக்கொள்கிறானா என்று பார்ப்பவருக்குத் தெரிவதில்லை. ராபர்ட்ஸ் அதைத் தெரியவிடுவதுமில்லை. சினத்தைக் காட்டுவது எந்த நடிகருக்கும் கைவரக்கூடியது. தன் சினத்தைக் கண்டு தானே அஞ்சுகிற ஒருவனைக் காட்டுவது மிகக் கடினம். இந்த நடிப்பில் நான் பெரிதும் மதிப்பது அதைத்தான்.

குறை இல்லாத படைப்பு என்று நான் சொல்ல மாட்டேன். தந்தையும் தம்பிகளும் பாலைவனத்தில் தேடியலையும் காட்சிகள் அடிக்கடி ஊடே வந்து, சுரங்கத்தின் இறுக்கத்தைத் தளர்த்திவிடுகின்றன. கேனின் கொள்கை விளக்கமும் சில இடங்களில் மேடைப் பேச்சாக நீள்கிறது. ஆயினும் தேடுபவர்களின் சோர்வு வீணாகவில்லை. அவர்கள் நம்பிக்கை இழக்கும் கட்டத்தை நாம் பார்த்திருப்பதால்தான் முடிவு நம்மை அப்படித் தாக்குகிறது.

அந்த முடிவுக்கு வருகிறேன். இருவரும் கட்டிப் புரளும் சண்டையில் ஆடமின் கைக்குள் கேன் அகப்படுகிறான். கொன்றுவிடலாம், கொல்வதற்கு எல்லாக் காரணமும் இருக்கிறது. ஆடம் விட்டுவிடுகிறான். விட்டது மட்டுமன்று, நடக்க இயலாத கேனைக் கழிகளால் கட்டிய இழுவைப் படுக்கையில் கிடத்தி, தன் தோளால் இழுத்துக்கொண்டு பாலைவனத்தைக் கடக்க முயல்கிறான். தந்தையும் தம்பிகளும் தொலைவில் ஓர் உருவத்தைக் கண்டு ஓடி வரும்போது, அவன் இழுத்து வருவது பிணம். கேன் வழியிலேயே இறந்திருக்கிறான்.

ஆடம் தந்தையின் கைகளில் சரிகிறான். அப்போது ராபர்ட்ஸிடமிருந்து வெளிப்படும் ஒலியைச் சிரிப்பு என்பதா, அழுகை என்பதா என்று ஒவ்வொரு முறை பார்க்கும்போதும் நான் தடுமாறுகிறேன். அது சிரிப்பாகத் தொடங்கி அழுகையாக மாறுகிறது என்று சொல்லவும் இயலாது; இரண்டும் ஒரே மூச்சில் வருகின்றன. கதை முழுவதும் அந்தக் குரல் எதைப் பூட்டி வைத்திருந்ததோ அது அங்கே திறந்துகொள்கிறது. தந்தை பென்னாக நடித்த லோர்ன் கிரீன் மகனை இறுகப் பிடித்துக்கொள்கிறார். அதற்குமேல் அந்தக் காட்சிக்கு எதுவும் தேவைப்படவில்லை.

நன்றி, வணக்கம்.